உதவி: பேட்டரி உபயோகப் பட்டியல் காலியாக இருக்கிறது

பனியன்நகர் | காலை 10.52
வணக்கம். போனில் பேட்டரி உபயோகம் பக்கத்தைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. எந்த ஆப் எவ்வளவு இழுக்கிறது என்று முன்பெல்லாம் வரிசையாகக் காட்டும். இப்போது பட்டையும் இல்லை, பட்டியலும் இல்லை. ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டேன். மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. கடையில் காட்டினால் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். காசைக் கொடுப்பதற்கு முன்னால் எது தின்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீனா_அம்பத்தூர் | 10.58
எந்தப் போன்? ஆண்ட்ராய்டா, ஐபோனா? ஆண்ட்ராய்டு என்றால் எந்தப் பதிப்பு? பக்கம் முழுக்க வெறுமையா, இல்லை ஏதாவது ஒரு வரி எழுதியிருக்கிறதா? ஸ்கிரீன்ஷாட் போடுங்கள், அது இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சர்வீஸ்_ராஜா | 11.03
நண்பரே, நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இதற்கு முன்பு எப்போதாவது பேட்டரி மாற்றினீர்களா? டூப்ளிகேட் பேட்டரி போட்ட போன்களில் இந்த மாதிரிக் கோளாறு வரும். பேட்டரிக்குள் இருக்கும் சின்ன போர்டு சரியான தகவலைக் கொடுக்காது, போனும் எதைக் காட்டுவது என்று தெரியாமல் விட்டுவிடும். மதியத்துக்குள் இறங்குகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். என்னைக் கேட்டால் பேட்டரிதான்.

நெல்லை_ஹமீது | 11.05
80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கிற மாதிரி வைத்திருக்கிறீர்களா? 'கடைசியாக முழு சார்ஜ் ஆனதிலிருந்து' என்றுதான் போன் கணக்கெடுக்கிறது. முழு சார்ஜே ஆகாவிட்டால் கணக்கு எங்கிருந்து தொடங்கும்? என் அண்ணன் போனில் அந்த வரம்பை எடுத்த பிறகுதான் பட்டியல் வந்தது.

கோவை_மணி | 11.12
பேட்டரி காலிபரேஷன் செய்யுங்கள் ப்ரோ. போன் தானாக அணையும் வரை ஓட்டி, அணைந்த நிலையிலேயே 100 வரை சார்ஜ் ஏற்றுங்கள். ரூட் செய்த போனாக இருந்தால், அதாவது சிஸ்டம் கோப்புகளையும் தொட அனுமதி எடுத்த போனாக இருந்தால், பேட்டரிக் கணக்கு இருக்கும் பேட்டரிஸ்டாட்ஸ் கோப்பையும் அழித்துவிடுங்கள். கணக்கும் புதிதாகத் தொடங்கும், சார்ஜும் கூடுதல் நேரம் நிற்கும்.

ரூட்_பாண்டி | 11.20
கேள்வியையே யாரும் சரியாகப் படிக்கவில்லை என்று தெரிகிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

ராஜா அண்ணன் சொல்வது தவறு. எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்பதை பேட்டரி சொல்வதே கிடையாது. திரை, சிபியு, மோடம், வைஃபை ஒவ்வொன்றும் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று போன் தயாரிப்பாளர் கொடுத்த ஓர் அட்டவணை உள்ளே இருக்கிறது. எந்த ஆப் எதை எவ்வளவு நேரம் ஓட்டியது என்று பார்த்து, அந்த அட்டவணையோடு பெருக்கி மென்பொருள் மதிப்பிடுகிறது. பேட்டரி அசலோ போலியோ, பட்டியல் வந்தாக வேண்டும்.

ஹமீது சொல்வதும் பொருந்தாது. பழைய ஆண்ட்ராய்டு நிரலில், சார்ஜரை உருவும்போது 90 அல்லது அதற்கு மேல் இருந்தாலே கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும். 20-க்குக் கீழே இறங்கி 80-ஐத் தொட்டாலும் அப்படித்தான். 80-லேயே நிறுத்திக்கொண்டிருந்தால் பழைய கணக்கு நீண்டுகொண்டே போகுமே தவிர, பக்கம் காலியாகாது.

காலிபரேஷன் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது. ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்களில் ஒருவரான டயான் ஹேக்பார்ன் 2012-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். அந்தக் கோப்பு உபயோகப் பக்கத்தில் காட்டுவதற்கான கணக்கு மட்டுமே. பேட்டரி சதவீதத்துக்கும் ஆயுளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இன்னமும் இதைப் பரிந்துரைப்பவர்கள் கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் நல்லது.

பனியன்நகர் | 11.31
ஆண்ட்ராய்டு 14. கம்பெனிக்காரர்கள் தங்கள் பங்குக்கு எதையும் சேர்க்காத சாதா ஆண்ட்ராய்டு. பேட்டரி வாங்கியபோது இருந்ததுதான், இன்னும் மாற்றவில்லை. 80 வரம்பு வைக்கவில்லை, இரவில் சார்ஜில் போட்டால் காலையில் 100 இருக்கும். பக்கத்தில் 'சில மணிநேரம் போனைப் பயன்படுத்திய பிறகு பேட்டரி உபயோக விவரம் கிடைக்கும்' என்று ஒரு வரி மட்டும் வருகிறது. நான் நாள் முழுக்கப் பயன்படுத்துகிறேன். பிளே ஸ்டோரிலிருந்து பேட்டரி பார்க்கும் ஆப் ஒன்றையும் போட்டுப் பார்த்தேன், அதிலும் ஆப் வாரியாக எதுவும் வரவில்லை. இப்போதுதான் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

கோவை_மணி | 11.40
பாண்டி சார், படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். கோப்பு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலிபரேஷனே பொய் என்பது சரியில்லை. போனுக்குள் ஃபியூவல் கேஜ் என்று ஒரு சிப் இருக்கிறது. உள்ளே போகும் மின்சாரத்தையும் வெளியே வரும் மின்சாரத்தையும் எண்ணித்தான் அது சதவீதத்தைச் சொல்கிறது. மாதக்கணக்கில் 40-க்கும் 80-க்கும் நடுவிலேயே ஓட்டினால் அந்த எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஒருமுறை மேலிருந்து கீழே வரை ஓட்டினால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். 20 சதவீதம் காட்டும்போதே திடீரென்று அணைந்துபோகும் போன்களைப் பார்த்ததில்லையா?

சர்வீஸ்_ராஜா | 11.46
மணி தம்பி சொல்வது அனுபவ உண்மை. நான் கடையில் செய்து காட்டியிருக்கிறேன்.

ரூட்_பாண்டி | 11.55
20-ல் அணைவதற்குப் பெரும்பாலும் காரணம் வயதான பேட்டரி. உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்துக்கு இருக்கும் தடை, ஏறிவிட்டால், கேமரா மாதிரி ஒன்று திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சட்டென்று விழும், போன் அணைந்துவிடும். அதை எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் சரியாகாது. லித்தியம் பேட்டரியை அடிக்கடி பூஜ்யம் வரை கொண்டுபோவது அதற்குக் கெடுதல். சிப்பின் எண்ணிக்கை விலகும் என்பது சரி, அதை நான் மறுக்கவே இல்லை. அணையும் வரை ஓட்டு என்று எல்லாருக்கும் மருந்து எழுதிக் கொடுப்பதைத்தான் மறுக்கிறேன்.

கோவை_மணி | 12.02
அடிக்கடி என்று நான் எங்கே சொன்னேன்? ஒருமுறை என்றுதான் சொன்னேன்.

நெல்லை_ஹமீது | 12.06
100 வரை ஏற்றுவதும் நல்லதில்லைதான். முழு சார்ஜில் சூடாக வைத்திருப்பதுதான் பேட்டரியை வேகமாகக் கெடுக்கிறது. எங்கள் ஊர் வெயிலில் பைக் ஹோல்டரில் போனை மாட்டிக்கொண்டு, சார்ஜும் போட்டு, மேப்பும் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. 80-ல் நிறுத்துங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சர்வீஸ்_ராஜா | 12.11
80-ல் நிறுத்தினால் பாதி நாளில் இறங்கிவிடும். பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக போனைப் பயன்படுத்தாமல் இருக்க முடியுமா? இரண்டு வருடம் கழித்து மாற்றிக்கொண்டால் போகிறது.

மீனா_அம்பத்தூர் | 12.15
அவர் கேட்டது வேறு. 80-ஆ 100-ஆ என்பதற்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன்.

@பனியன்நகர், முதலில் அந்தப் பிளே ஸ்டோர் ஆப்பை நீக்கிவிடுங்கள். மற்ற ஆப்களின் பேட்டரிக் கணக்கைப் பார்க்கும் அனுமதியை 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-லேயே சாதாரண ஆப்களுக்கு மூடிவிட்டார்கள். கணினியில் இணைத்துக் கட்டளை மூலம் அனுமதி கொடுத்தால்தான் அவற்றால் பார்க்க முடியும். வெறுமனே பின்னணியில் ஓடி உங்கள் சார்ஜைத் தின்பதுதான் மிச்சம்.

அடுத்தது, உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே மூலையில் மணி 4.10 என்று இருக்கிறது. இப்போதுதான் எடுத்தது என்று 11.31-க்கு எழுதியிருக்கிறீர்கள். போனில் நேரம் தப்பாக ஓடுகிறதா? நேரம் தானாக அமைவது ஆனில் இருக்கிறதா?

ரூட்_பாண்டி | 12.24
நல்ல கண் மேடம். நேரத்தை யாரோ கையால் மாற்றியிருந்தால் விஷயம் முடிந்தது. அவர் பதில் சொல்லட்டும்.

அதற்குள் ஒன்று. மாடல் என்ன என்று முதல் பதிலிலேயே கேட்டாயிற்று, இன்னும் வரவில்லை. உதவி கேட்டு வருபவர்கள் மாடல், பதிப்பு, கடைசி அப்டேட் எப்போது என்று மூன்று வரி எழுதினால் இத்தனை பேர் நேரம் வீணாகாது. இதைப் பல இழைகளில் சொல்லிவிட்டேன்.

செல்வி_ரா | 12.33
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் ஐபோன். பேட்டரி பக்கத்தில் சில நிமிடங்கள் பயன்படுத்திய பிறகு விவரம் வரும் என்று காட்டுகிறது, வருவதே இல்லை. இதற்கும் நேரம்தான் காரணமா?

ரூட்_பாண்டி | 12.36
ஐபோனுக்குத் தனி இழை தொடங்குங்கள். இரண்டும் வேறு வேறு அமைப்பு.

பனியன்நகர் | மதியம் 1.48
சாப்பிடப் போயிருந்தேன். ஆமாம், நேரம் தப்பாகத்தான் இருந்தது. தானாக அமைவது ஆஃபில் இருக்கிறது. வீட்டில் மகள் என் போனில் ஒரு கேம் விளையாடுவாள். அதில் உயிர் தீர்ந்தால் மறுபடி வரக் காத்திருக்க வேண்டுமாம். நேரத்தை முன்னால் தள்ளினால் உடனே வந்துவிடும் என்று பள்ளியில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முடித்துவிட்டுச் சில நாள் பழையபடி வைப்பாள், சில நாள் மறந்துவிடுவாள், நான் பார்த்து மாற்றுவேன். வாட்ஸ்அப்பிலும் அவ்வப்போது தேதியைச் சரிசெய்யச் சொல்லி வரும். இதற்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

ரூட்_பாண்டி | 2.05
நேரடிச் சம்பந்தம். உங்கள் பதிப்பில் இந்தக் கணக்கை வைத்திருப்பது அமைப்புகள் ஆப்தான். மணிக்கு ஒருமுறை பதிவு எழுதும், ஒவ்வொரு பதிவிலும் அப்போதைய தேதியும் நேரமும் இருக்கும். அவற்றை இரண்டு மணிநேரத் துண்டுகளாகச் சேர்த்துத்தான் பட்டை வரைகிறது. குழந்தை நேரத்தை முன்னால் தள்ளும்போது எழுதிய பதிவுகள், நீங்கள் நேரத்தைத் திருத்தியதும் இன்னும் வராத நேரத்தில் போய் நிற்கும். அப்படிப்பட்ட கணக்கை வைத்து வரைய முடியாது. அதனால் நேரம் மாறினால் பதிவுகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க அந்த நிரலிலேயே ஒரு பகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டின் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, போய்ப் பார்க்கலாம். தினம் ஒருமுறை நேரம் முன்னும் பின்னும் போனால் தினம் ஒருமுறை பக்கம் காலியாகும். சில மணிநேரம் கழித்து வரும் என்ற அந்த வரி பொய் சொல்லவில்லை. அந்தச் சில மணிநேரத்தை உங்கள் போனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

மீனா_அம்பத்தூர் | 2.14
செய்ய வேண்டியது: அமைப்புகளில் சிஸ்டம், அதற்குள் தேதியும் நேரமும். நேரத்தைத் தானாக அமைப்பதை ஆன் செய்யுங்கள், நேர மண்டலத்துக்கும் அப்படியே. அப்புறம் இன்று இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டு, நாளை மாலை வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். சும்மா சும்மா ரீஸ்டார்ட் செய்யவும் வேண்டாம்.

தானியங்கியை ஆஃபிலேயே விட்டால் வேறு தொல்லைகளும் வரும். தேதி ரொம்ப விலகினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை போன் ஏற்காது, பாதிப் பக்கங்கள் திறக்காது. மகளிடம் கோபிக்க வேண்டாம். நேரம் மாறினால் அப்பா போனில் கணக்கு அழிந்துவிடும் என்று சொன்னால் புரிந்துகொள்வாள்.

நெல்லை_ஹமீது | 2.20
என் அண்ணன் போனில் வரம்பை எடுத்ததும் வந்ததே, அது எப்படி?

ரூட்_பாண்டி | 2.27
வரம்பை எடுத்த அன்று ரீஸ்டார்ட் செய்தாரா, அப்டேட் ஏதும் வந்ததா, அவர் போன் ஆண்ட்ராய்டு 12-ஆ? 2021-ல் வந்த 12-ல் முழு சார்ஜிலிருந்து என்பதை எடுத்துவிட்டு, கடைசி 24 மணிநேரம் என்று மாற்றினார்கள். பிறகு வந்த பதிப்புகளில் பழையபடி முழு சார்ஜுக்குத் திரும்பினார்கள். பதிப்பு தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பதற்காக அதுவே காரணம் ஆகிவிடாது.

நெல்லை_ஹமீது | 2.31
பதிப்பு கேட்டுச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எல்லாரையும் இப்படிப் பேச வேண்டியதில்லை பாண்டி அண்ணா. தெரிந்ததைச் சொல்லத்தான் வந்தோம்.

பனியன்நகர் | புதன், இரவு 8.17
பட்டியல் வந்துவிட்டது. காலையிலிருந்து பட்டையும் தெரிகிறது. ஆப்களை விட சிஸ்டம் பக்கத்தில் மொபைல் நெட்வொர்க்தான் மேலே நிற்கிறது. நான் பகலெல்லாம் இருப்பது தகரக் கூரை போட்ட குடோன், சிக்னல் ஒரு கோடுதான். பேட்டரி மாற்றுவதைத் தள்ளி வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி, மீனா மேடத்துக்கு ரொம்ப நன்றி.

சர்வீஸ்_ராஜா | 8.40
சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், டவர் கிடைத்தாலும் அதிக சக்தியில் அனுப்ப வேண்டியிருக்கும். குடோனில் வைஃபை இருந்தால் வைஃபை வழியாகவே பேசும் வைஃபை காலிங்கை ஆன் செய்துவிட்டு, குடோனில் இருக்கும் நேரத்துக்கு மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். 5ஜி அங்கே சரியாகக் கிடைக்காவிட்டால் 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் மதியத்தில் இறங்கினால் பேட்டரியைச் சோதித்துவிடலாம், அவசரமில்லை.

செல்வி_ரா | 9.05
யாரும் பதில் சொல்லாததால் இங்கேயே மறுபடி கேட்கிறேன். என் ஐபோனில் தேதியும் நேரமும் தானாக அமைவது ஆனில்தான் இருக்கிறது. பேட்டரி பக்கம் இன்னும் காலி.

மீனா_அம்பத்தூர் | 9.12
எந்த ஐஓஎஸ் பதிப்பு? சமீபத்தில் அப்டேட் செய்தீர்களா, அல்லது பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றினீர்களா? கடைசி 24 மணிநேரம், கடைசி 10 நாள் என்று இரண்டு பிரிவுகள் இருந்தால், இரண்டுமே காலியா, ஒன்று மட்டுமா? படம் போடுங்கள்.