பொங்கலுக்கு எந்தக் கரையில் ஓடலாம்?

குழு: வடுவூர் வீட்டுப் பொங்கல்

ஞாயிறு, இரவு

பாலா: மாமா, அத்தை, போகிக்கு முந்தின நாள் இரவே நானும் கவிதாவும் வந்துவிடுவோம். எனக்கு மார்ச்சில் அரை மராத்தான் இருக்கிறது, லீவில் பயிற்சி விட்டுப்போகக் கூடாது. ஒரு நாள் 6 கிலோமீட்டர், ஒரு நாள் 15 கிலோமீட்டர் ஓட நல்ல வழியாகச் சொல்லுங்கள். தார் ரோடு வேண்டாம், பெங்களூரில் தினமும் அதுதான்.

கவிதா: எனக்கு 6 போதும் மாமா. போகிற வழியில் பறவை பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

பாலா: மேப்பில் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் வயல் நடுவே நேராக ஒரு பாதை தெரிகிறது. அதைப் பிடித்துப் போய் ஏரியைத் தொட்டுத் திரும்பினால் அழகான ஒரு சுற்று கிடைக்கும் போலிருக்கிறதே?

அத்தை: அது பாதை இல்லை தம்பி, வரப்பு. அதில் ஓடவே கூடாது. நண்டு வளை, எலி வளை என்று வரப்பெல்லாம் ஓட்டை. மேலே புல் மூடியிருக்கும், கால் உள்ளே போன பிறகுதான் தெரியும். காலையில் பனி ஈரம் வேறு.

அத்தை: அது மட்டுமில்லை. கதிர் முற்றுகிற நேரத்தில் எலிக்குக் கிட்டி வைத்திருப்பார்கள். சாயங்காலம் வைத்தால் விடிந்த பிறகுதான் வந்து எடுப்பார்கள். அதற்கு முன்னால் நீ அங்கே போய் நிற்கக் கூடாது.

கவிதா: கிட்டி என்றால் எப்படி இருக்கும் அத்தை? பார்த்ததே இல்லை.

அத்தை: மூங்கிலை வளைத்து வில் மாதிரி செய்து கயிறு கட்டியிருப்பார்கள். இரை வைத்து எலி நடமாடுகிற இடத்தில் ஊன்றிவிடுவார்கள். எலி தொட்டதும் கயிறு இறுக்கும். மருந்தும் இல்லை, கரண்டும் இல்லை. தஞ்சாவூர்க் கிட்டி என்று வெளியூரிலும் அதற்குப் பேர். ஒருவர் ஒரு ராத்திரியில் வயல் வயலாக வைத்துக்கொண்டே போவார். நீ ஒன்றைத் தட்டிவிட்டாலும் அவருக்கு அன்றைய கூலி போச்சு.

முகில்: சித்தப்பா, கண்ணாடி விரியனும் வயலில்தான் இருக்கும். எலி இருக்கிற இடத்துக்கு அதுவும் வரும்.

பாலா: சரி சரி, வரப்பு வேண்டாம். அறுத்து முடித்த வயலில் ஓடலாமா? காலியாகத்தானே கிடக்கும்?

அத்தை: காலியாகக் கிடக்காது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே நிற்கிற பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்திலேயே அது முளைத்துவிடும். நெல்லை அறுத்து எடுத்ததும் தாளுக்கு நடுவே குனிந்து பார், இரண்டு இலை விட்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் தரிசாகத்தான் தெரியும். அறுப்பு மிஷின் போன தடத்தில் நசுங்கினது போகத் தப்பித்ததுதான் அடுத்த மூன்று மாதத்துக்கு வருமானம்.

கவிதா: இத்தனை வருஷமாக வருகிறோம், இது எனக்குத் தெரியாது அத்தை.

மாமா: இப்போதுதான் போனைப் பார்த்தேன். பாலா, நம் ஊர்ப்பக்கம் ஓடுவதற்கென்று இருப்பது கரைதான். ஆற்றுக் கரை, வாய்க்கால் கரை, ஏரிக் கரை. வயல் விளைச்சலுக்கு, தார் ரோடு வண்டிக்கும் நெல் காயப்போடவும். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் பிள்ளைகளைக் கரையில்தான் ஓடவிட்டேன். வடுவூர் கபடிக்குப் பேர்போன ஊர், இங்கே மண்ணில் ஓடித் தேறிய கால்கள் நிறைய.

மாமா: கரையில் மூன்று நன்மை. மண் பாதை, முழங்கால் தாங்கும். வயலைவிட ஓர் ஆள் உயரம் மேலே இருப்பதால் சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தெரியும், இந்தச் சமவெளியில் நமக்கு வேறு மேடு கிடையாது. அப்புறம், ஆறு உன்னைக் கொண்டுபோய்க் கொண்டுவரும், வழி தவறவே முடியாது.

பாலா: இரண்டு கரையிலும் ஓடலாமா மாமா? ஒன்றில் போய் மற்றதில் திரும்பினால் சுற்று மாதிரி ஆகிவிடும்.

மாமா: பொங்கல் சமயத்தில் ஆற்றில் தண்ணீர் இருக்கும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் ஜனவரி 28-இல் அடைப்பது வழக்கம். அதனால் பாலமோ சட்ரஸோ (ஷட்டர் வைத்த மதகு) இருக்கிற இடத்தில்தான் அந்தக் கரைக்குப் போக முடியும். இறங்கிக் கடக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம், ஓரத்திலேயே இழுக்கும். இன்னொன்று, ஜீப் போகிற அளவு பாதை ஒரு கரையில் இருக்கும், மறு கரையில் கோரையும் சீமைக்கருவேல முள்ளும் மண்டியிருக்கும். அந்த முள் ஷூவின் அடியைத் துளைத்து ஏறிவிடும். நல்ல கரை எதுவோ அதிலேயே போய் அதிலேயே திரும்பு.

பாலா: புரிந்தது. 15 கிலோமீட்டருக்கு எந்த ஆறு?

மாமா: பாமணியாறு. மன்னார்குடியிலிருந்து தொடங்கி வடக்கே நீடாமங்கலம் பக்கமாக ஓடு. ஏழரை போய் ஏழரை திரும்பு.

கவிதா: ஏன் மாமா வடக்கே? நீடாமங்கலத்தில் காரில் இறக்கிவிட்டால் தெற்கே ஓடி நேராக மன்னார்குடிக்கே வந்துவிடலாமே?

மாமா: தை மாதம் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். மரமும் கட்டடமும் இல்லாத கரையில் அது நெஞ்சில் வந்து மோதும். முதல் பாதியில் உடம்பு தெம்பாக இருக்கும்போதே எதிர்காற்றை வாங்கிவிட வேண்டும். திரும்பும்போது களைத்திருப்பாய், வெயிலும் ஏறியிருக்கும், அப்போது காற்று முதுகில் இருக்கட்டும். ஆடியில் வந்தால் இதையே தலைகீழாகச் சொல்வேன்.

பாலா: இதைத்தான் மாமா கேட்க நினைத்தேன். மேப் இதையெல்லாம் சொல்வதில்லை.

மாமா: நீடாமங்கலம் பக்கத்தில் மூணாற்றுத் தலைப்பை உங்களுக்குக் காட்ட வேண்டும். அங்கேதான் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. ஒரே இடத்தில் நின்று மூன்று ஆறுகளைப் பார்க்கலாம். ஓடிப் போக வேண்டாம், திரும்பும்போது காரில் போவோம். கீழே கடைமடை வரை இருக்கிற ஒவ்வொரு வயலும் அங்கே ஏறி இறங்குகிற ஷட்டரை நம்பித்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் நீ ஓடிய கரை எதற்காக நிற்கிறது என்று தெரியும்.

கவிதா: எனக்கான 6 கிலோமீட்டர்?

மாமா: உனக்கு நம் ஏரி. முகில் சொல்லட்டும், அவனுக்குத்தான் அங்கே எல்லாரையும் தெரியும்.

முகில்: தாத்தா!! சொல்கிறேன் கவிதா அத்தை. வடுவூர் ஏரி 128 ஹெக்டேர். 1999-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இப்போது நல்ல சீசன். நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், ஊசிவால் வாத்து எல்லாம் பார்க்கலாம்.

முகில்: விடியும்போது வந்தால் இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். கொக்கும் அரிவாள்மூக்கனும் மரத்திலிருந்து கிளம்பி வயலுக்குப் போகும். வக்கா என்கிற ராக்கொக்கு ராத்திரியெல்லாம் மேய்ந்துவிட்டு அப்போதுதான் தூங்கத் திரும்பும். அந்த அரை மணி நேரம்தான். ஏழரைக்கு மேல் வந்தால் பாதி ஏரி காலியாக இருக்கும், எல்லாம் வேலைக்குப் போயிருக்கும்.

முகில்: நத்தைகுத்தியைக் கிட்டத்தில் பார்த்தால் அலகைக் கவனியுங்கள். மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடித்து உள்ளே இருக்கிற சதையை மட்டும் எடுத்துச் சாப்பிடுவதற்கு வசதியான அலகு அது. வாய்க்கால் ஓரம் அது தின்றுவிட்டுப் போட்ட ஓடுகள் கிடக்கும், நான் எடுத்துக் காட்டுகிறேன்.

கவிதா: கரை மேலேயே ஓடலாமா முகில்? பறவைகள் பயப்படாதா?

முகில்: பயப்படும் அத்தை. நாமக்கோழி இருக்கிறதே, கறுப்பாக, நெற்றியில் வெள்ளையாக. அது வாத்து மாதிரி சட்டென்று எழும்பாது. தண்ணீர் மேலேயே தடதடவென்று வெகுதூரம் ஓடித்தான் மேலே கிளம்பும். ஒரு தடவை கிளப்பிவிட்டால் அதற்கு எவ்வளவு சக்தி போகும்! வாத்துகளும் அப்படித்தான், திரும்பிப் போகிற தூரத்துக்கு இப்போதுதான் தின்று தின்று சேர்த்துக்கொண்டிருக்கும். தயவுசெய்து கரை உச்சியில் ஓட வேண்டாம். வெளிப்பக்கம், வயல் ஓரமாகக் கீழே ஒரு தடம் இருக்கிறது. அதில் ஓடினால் ஏரியிலிருந்து நம் தலை தெரியாது. அங்கங்கே நின்று மெதுவாக மேலே ஏறி எட்டிப் பார்க்கலாம்.

மாமா: சரியாகச் சொன்னான். சரணாலயம் என்பதால் முதல் நாளே வனத்துறைக் காவலரிடம் நான் பேசிவிடுகிறேன். அவர் எந்தப் பக்கம் வேண்டாம் என்கிறாரோ அந்தப் பக்கம் போக மாட்டோம். போனில் பாட்டுப் போடுவதும் கூடாது.

கவிதா: சரி மாமா. என் ஓட்டச் சட்டை எல்லாமே பளீர் ஆரஞ்சு, பச்சை. பரவாயில்லையா?

மாமா: ரோட்டில் அதுதான் வேண்டும். காலையில் மூடுபனி கனமாக இறங்கும், பைக்கில் வருகிறவனுக்குப் பத்தடியில்தான் ஆள் தெரியும். வண்டிக்கு எதிர்முகமாக, வலது ஓரத்தில் ஓடுங்கள். ஏரிக்கு வந்ததும் மேலே மங்கலாக ஒன்றைப் போட்டுக்கொள்.

அத்தை: ரோட்டில் நெல் காய்ந்தால் சுற்றிப் போங்கள் பிள்ளைகளே. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க யோசிப்பார்கள். களத்தில் இடம் போதாமல்தான் ரோட்டில் கொட்டிக் கிளறிக்கொண்டு கிடக்கிறோம். வண்டி ஏறினாலே மனசு பதறும். ஷூக் காலோடு மிதிக்க வேண்டாம்.

பாலா: கண்டிப்பாக அத்தை. மிதிக்க மாட்டோம்.

பாலா: மாமா, நடுவில் ஒரு நாள் வேகப் பயிற்சி செய்ய வேண்டும். மண் கரை அதற்குச் சரிவராதே?

மாமா: அதற்கு மன்னார்குடித் தெப்பக்குளம் இருக்கிறது, ஹரித்ரா நதி. 23 ஏக்கர் குளம். 1158 அடி நீளம், 837 அடி அகலம். கணக்குப் போட்டுக்கொள்.

பாலா: சுற்றளவு 3990 அடி. 1200 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். தெருவில் ஓடினால் இன்னும் கூடும். அருமை, ஒரு சுற்று வேகம், அரைச் சுற்று நடை!

மாமா: விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். தை முதல் வாரக் கோலம் தெருவை அடைத்து இருக்கும். வேகமாக ஓடுகிறேன் என்று அதன் மேல் காலை வைத்துவிடாதே.

கவிதா: உதயமார்த்தாண்டபுரம் சரணாலயமும் பக்கம்தானே, அங்கே ஓடலாமா?

மாமா: முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. ஏரி நல்ல ஏரி, ஆனால் ரோட்டில் வண்டி அதிகம். காரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், ஓட வேண்டாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில்தான் போக வேண்டும், அது இன்னொரு லீவுக்கு.

திங்கள், காலை

மாமா: ராத்திரி இங்கே தூறல். கரையைப் பார்த்துவிட்டு வந்தேன், அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் மண் களி. நனைந்தால் ஷூவின் அடியில் அப்பிக்கொண்டே போகும், நாலு எட்டுக்குள் கால் கனத்துவிடும், வழுக்கும். மழை பெய்த மறுநாள் அருகம்புல் இருக்கிற ஓரமாக, சின்ன எட்டாக வைத்து ஓட வேண்டும். நல்ல மழை என்றால் அன்றைக்குக் கரையே வேண்டாம், குளத்துக்குப் போய்விடுவோம்.

பாலா: சரி மாமா. நாய்?

மாமா: ஓடினால் துரத்தும். நின்று, திரும்பி, நடந்து போ. அதட்டினால் போதும். மாசிக்கு மேல் வந்தால்தான் கவனம் வேண்டும். அறுத்த வயலில் எருவுக்காக ஆட்டுக் கிடை போட ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் வருவார்கள். கிடை நாய் தன் ஆட்டை விட்டுக்கொடுக்காது.

மாமா: 15 கிலோமீட்டர் ஓடும்போது இன்னொன்றையும் கவனி. சமவெளிதானே என்று ஒரே வேகத்தில் போவாய். ஏற்றமும் இறக்கமும் இல்லாததால் முதலிலிருந்து கடைசி வரை அதே தசைதான் உழைக்கும், இளைப்பாறவே முடியாது. ஒவ்வொரு பாலத்திலும் ஒரு நிமிஷம் நட. நான் எக்ஸ்எல் மொபெட்டில் தண்ணீரோடு அங்கே நிற்பேன். 2018 கஜா புயலில் இந்தப் பக்கம் மரங்கள் ஏராளமாக விழுந்துவிட்டன, வைத்த கன்று இப்போதுதான் வளர்கிறது. எட்டு மணிக்கு மேல் நிழலை நம்பாதே.

கவிதா: மாமா நீங்களும் எங்களோடு ஏரிக்கு ஓடி வர வேண்டும்.

மாமா: வருகிறேன் அம்மா. உங்களோடு அந்தக் கரையில் போக வேண்டும் என்று எனக்கும் ரொம்ப நாள் ஆசை. மெதுவாக வருவேன், முகில் என்னோடு இருப்பான்.

அத்தை: வெறும் வயிற்றில் ஓடிவிட்டு வந்து மயங்கி விழ வேண்டாம். கிளம்பும்போது ஆளுக்கொரு வாழைப்பழம் எடுத்து வைக்கிறேன். வந்ததும் நீராகாரம், அப்புறம் இட்லி.

பாலா: அப்போது இதுதான் திட்டம். போகியன்று காலை எல்லாரும் ஏரி, 6 கிலோமீட்டர். மாட்டுப் பொங்கலன்று நானும் கவிதாவும் தெப்பக்குளம். காணும் பொங்கலன்று நான் மட்டும் பாமணியாறு.

மாமா: மாட்டுப் பொங்கலன்று ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், மாடு குளிப்பாட்ட ஆள் வேண்டும். காணும் பொங்கலன்று நேரம் ஆக ஆக ஏரிக்கும் ஆற்றுக்கும் கூட்டம் வரும், அதனால் அன்றைக்கும் சீக்கிரம்.

முகில்: போகியன்று எத்தனை மணிக்கு தாத்தா?

மாமா: சூரியன் ஆறரைக்கு. இருட்டில் கரையில் கால் வைக்கக் கூடாது. ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள், ஏரிக்குப் போய்ச் சேரும்போது தரை தெரியும்.

பாலா: ஆறு மணி. பழைய ஷூ எடுத்து வருகிறேன்.

அத்தை: இரண்டு ஜோடி எடுத்து வா. ஒன்று சேற்றோடு வெளியே காயட்டும்.