ஹார்ட்டன் ஃபூட்: மேடையிலும் திரையிலும் அவரை எதிர்கொண்ட அனுபவங்கள்

அமெரிக்க நாடகாசிரியரும் திரைக்கதையாசிரியருமான ஹார்ட்டன் ஃபூட்டின் (1916–2009) ஆக்கங்களைப் பார்த்தோ வாசித்தோ இருக்கும் உறுப்பினர்கள், அந்த அனுபவத்தை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். திரைக்கதைக்காக இரண்டு ஆஸ்கர் விருதுகளும் நாடகத்துக்காகப் புலிட்சர் பரிசும் பெற்றிருந்தும், ஆர்தர் மில்லரையும் டென்னசி வில்லியம்ஸையும் அறிந்த அளவுக்கு நம்மவர்கள் இவரை அறியவில்லை.

ஹூஸ்டனில் வசிக்கும் உறுப்பினர்

ஃபூட் பிறந்து வளர்ந்த வார்ட்டன், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், டெக்சஸின் கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர். சுற்றிலும் பருத்தியும் நெல்லும் விளையும் சமவெளி. ஃபூட்டின் நாடகங்களில் ‘ஹாரிசன்’ என்ற பெயரில் திரும்பத் திரும்ப வருவது இந்த ஊர்தான். அவருடைய பெற்றோர், பெண் வீட்டாரின் எதிர்ப்பை மீறி 1915ஆம் ஆண்டு காதலர் தினத்தன்று மணம் செய்துகொண்டவர்கள். பேரன் பிறந்த பிறகே தாத்தாவின் கோபம் தணிந்தது. மகளும் மருமகனும் குடியிருக்கத் தம் வீட்டை ஒட்டியே ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். நடிகனாக வேண்டும் என்ற ஆசையில் பதின்ம வயதிலேயே கலிபோர்னியாவின் பாசடீனாவுக்கும் பின்னர் நியூயார்க்குக்கும் போய்விட்ட ஃபூட், முதுமையில் திரும்பி வந்து எழுதியது அந்த வீட்டில்தான்.

அவர் எழுத வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். நியூயார்க்கில் அவர் இருந்த நடிகர் குழுவில் ஒருநாள் பயிற்சிக்காகத் தம் ஊரைப் பற்றிய காட்சி ஒன்றை அவர் நடித்துக் காட்டினார். அதைப் பார்த்த நடன அமைப்பாளர் ஆக்னஸ் டி மில், இதையே நாடகமாக எழுதலாமே என்று தூண்டினார். 1940இல் மேடையேறிய முதல் ஓரங்க நாடகத்தின் பெயரிலேயே வார்ட்டன் இருந்தது.

அவருடைய ‘தி ட்ரிப் டு பவுன்டிஃபுல்’ நாடகத்தை நான் முதலில் 1985ஆம் ஆண்டுத் திரைப்பட வடிவில் பார்த்தேன். ஹூஸ்டனில் ஒரு நெருக்கடியான குடியிருப்பில் மகனுடனும் மருமகளுடனும் வாழும் கேரி வாட்ஸ் என்ற மூதாட்டி, ஓய்வூதியக் காசோலையை ஒளித்து வைத்துக்கொண்டு, வீட்டாருக்குத் தெரியாமல் தான் பிறந்த கிராமத்துக்குப் பேருந்து ஏறுகிறார். போகும் வழியிலேயே, அங்கே எஞ்சியிருந்த ஒரே தோழியும் அண்மையில் இறந்துவிட்டாள் என்று தெரிகிறது. அதன் பிறகும் அவர் போகத்தான் போகிறார். அந்த மருமகளை நம் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் மருமகளாக ஆக்கிவிடுவது எத்தனை எளிது! ஃபூட் அதைச் செய்யவில்லை. அவளுக்கும் அந்தச் சிறிய வீட்டில் மூச்சு முட்டுகிறது என்பதை அவளுடைய எரிச்சலிலேயே நமக்குக் காட்டிவிடுகிறார். ஜெரால்டின் பேஜுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கிக் கொடுத்த வேடம் இது. அதற்கு முன் ஏழு முறை பரிந்துரைக்கப்பட்டு வெறுங்கையுடன் திரும்பியவர் அவர்.

டொரோன்டோவில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றும் உறுப்பினர்

என் வகுப்பில், ஒரு சிறுமியின் பார்வையில் சொல்லப்படும் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பர்ட்’ நாவலைப் பாடமாக நடத்திய ஆண்டுகளில், 1962ஆம் ஆண்டுத் திரைப்படத்தையும் மாணவர்களுக்குக் காட்டுவது என் வழக்கம். திரைக்கதை எழுதும் வாய்ப்பு முதலில் லீக்குத்தான் வந்தது. அவர் மறுத்த பிறகு ஃபூட்டிடம் வந்தது. அவரும் முதலில் தயங்கினார், நாவலைப் படிக்கும்படி வற்புறுத்தியவர் மனைவி லில்லியன். மூன்று ஆண்டுகள் நீளும் கதையை ஏறத்தாழ ஓராண்டுக்குள் அடக்கினார்கள். அப்படி அடக்கியதால் பல துணைக் கதைகள் போய்விட்டன என்று மாணவர்கள் குறைப்படுவார்கள். அது நியாயமான குறைதான். ஆனால் கோடை, இலையுதிர் காலம் எனப் பருவங்கள் மாறுவதோடு குழந்தைகளின் அச்சமும் மாறிக்கொண்டே போவது, அந்தச் சுருக்கத்தால்தான் அத்தனை தெளிவாகத் தெரிகிறது என்பது என் கருத்து.

வீட்டை விட்டு வெளியே வராத, குழந்தைகள் கண்டு அஞ்சும் அண்டைவீட்டுக்காரரான பூ ராட்லி என்ற, ஒரு வார்த்தையும் பேசாத வேடத்தில் நடித்த ராபர்ட் டுவாலுக்கு அதுவே முதல் திரைப்படம். தம் நாடகம் ஒன்றில் அவர் நடித்ததைப் பார்த்திருந்த ஃபூட்டே அவரைப் பரிந்துரைத்தார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, குடியால் எல்லாவற்றையும் இழந்த ‘கன்ட்ரி’ இசைப் பாடகர் ஒருவரின் கதையான ‘டெண்டர் மெர்சீஸ்’ (1983) படத்தை ஃபூட் எழுத, அதில் டுவால் நாயகனாக நடித்து, பாடல்களையும் தாமே பாடினார். இருவருக்கும் அந்தப் படம் ஆஸ்கர் பெற்றுத் தந்தது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. பல ஆண்டுகள் பார்க்காத மகள் அவரைத் தேடி வருகிறாள். தன் குழந்தைப் பருவத்தில் அவர் பாடிய, புறாவைப் பற்றிய ஒரு பாடல் நினைவிருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லை என்கிறார். அவள் போன பிறகு, ஜன்னலருகே நின்று அந்தப் பாடலை முழுவதுமாகப் பாடுகிறார். ஏன் பொய் சொன்னார் என்பதைப் படம் கடைசிவரை விளக்குவதில்லை. வேறு எந்தத் திரைக்கதையாசிரியரும் அந்த இடத்தில் இரண்டு வரி வசனமாவது எழுதியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மாற்றுக் கருத்துள்ள உறுப்பினர்

மேலே எழுதிய இருவரையும் மதித்தே சொல்கிறேன்: ஃபூட்டை வாசிப்பது எனக்குச் சோர்வைத் தருகிறது. 1995இல் புலிட்சர் பெற்ற ‘தி யங் மேன் ஃப்ரம் அட்லான்டா’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியாத மகன் ஏரிக்குள் நடந்துபோய் இறந்திருக்கிறான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த இளைஞனுக்கும் அவனுக்கும் என்ன உறவு என்பதைப் பெற்றோர் அறிய விரும்பவும் இல்லை, அறியாமல் இருக்க முடியவும் இல்லை. இத்தனை வலுவான கதைக்கருவை வைத்துக்கொண்டு, அந்த இளைஞனை ஒருமுறைகூட மேடைக்குக் கொண்டுவராமல், இரண்டு முதியவர்கள் பணத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பதைக் காட்டுவது அடக்கமா, தயக்கமா? ‘பவுன்டிஃபுல்’ 1953இல் தொலைக்காட்சியில் வரவேற்புப் பெற்ற பிறகு அதே ஆண்டில் நியூயார்க்கின் முதன்மையான நாடக அரங்குகளான பிராட்வேயில் ஏறியபோது 39 காட்சிகளோடு நின்றுபோனது. அன்றைய பார்வையாளர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நியூயார்க்கிலிருந்து எழுதும் உறுப்பினர்

தயக்கமா என்று கேட்டவருக்கு ஒரு பதில். அந்த இளைஞன் மேடைக்கு வந்திருந்தால் பெற்றோர் உண்மையைக் கேட்டே ஆக வேண்டியிருக்கும். கேட்காமல் இருப்பதற்காக அவர்கள் படும் பாடுதான் நாடகம் என்று நான் புரிந்துகொண்டேன். 39 காட்சிகளோடு நின்ற அதே நாடகம் 2013இல் மீண்டும் பிராட்வேக்கு வந்தது. கேரி வாட்ஸாக நடித்த சிசிலி டைசன், தம் 88ஆவது வயதில், பிராட்வே நாடகங்களுக்கான உயரிய விருதான டோனி விருதைப் பெற்றார்.

நான் நேரில் பார்த்தது ‘தி ஆர்ஃபன்ஸ் ஹோம் சைக்கிள்’ என்ற ஒன்பது நாடகங்களின் தொகுதியை. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து இறந்த பிறகு, 1970களில், தம் தந்தையின் வாழ்க்கையை வைத்து ஃபூட் எழுதத் தொடங்கியவை அவை. பன்னிரண்டு வயதில் தந்தையை இழக்கும் ஹொரேஸ் என்ற சிறுவனை, மறுமணம் செய்துகொண்ட தாய் விட்டுச் செல்கிறாள். அவன் தங்கையை மட்டும் ஏற்றுக்கொள்கிற மாற்றாந்தந்தைக்கு இவன் வேண்டாம். அவன் வளர்ந்து, கடை வைத்து, மணமுடித்துத் தகப்பனாகும் வரை கதை நீள்கிறது. மூன்று மாலைகளில் மும்மூன்று நாடகங்களாக, ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். ஃபூட்டின் மகள் ஹாலி, இந்தத் தொகுதியின் நாடகம் ஒன்றைத் தழுவி 1985இல் வெளிவந்த ‘1918’ படத்தில் தம் பாட்டியை மாதிரியாகக் கொண்ட பாத்திரத்தில் நடித்தவர்; இந்த மேடையில் அந்தப் பாத்திரத்தின் தாயாக, அதாவது தம் கொள்ளுப்பாட்டியாக நடித்தார். இதற்கான வேலைகளுக்காக கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் இருந்தபோதுதான், 2009 மார்ச் 4 அன்று, 93ஆவது பிறந்தநாளுக்குப் பத்து நாட்கள் முன்னதாக ஃபூட் காலமானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவருடைய ‘டிவைடிங் தி எஸ்டேட்’ பிராட்வேயில் ஓடியது. சொத்துப் பங்கீட்டுச் சண்டையைப் பற்றிய அந்த நாடகம் வாய்விட்டுச் சிரிக்க வைப்பது, ஆகவே சோர்வாக உணரும் நண்பர் அங்கிருந்து தொடங்கலாம். ‘ஹர்ரி சன்டவுன்’ (1967) படத்தில் மட்டும் தொடங்க வேண்டாம். அதன் பெயர்ப்பட்டியலில் ஃபூட்டின் பெயர் இருக்கிறது, ஆனால் அவர் எழுதியதை ஒதுக்கிவிட்டு வேறொருவரைக் கொண்டு எழுதிய திரைக்கதை அது.