பதவி உயர்வுப் படிவத்தில் எச்-இன்டெக்ஸ் கட்டம்: இது நியாயமா?

குடமுருட்டி:

கல்லூரிப் பெயர் வேண்டாம், தஞ்சாவூருக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் பதவி உயர்வுப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது. எச்-இன்டெக்ஸ் எவ்வளவு, மொத்த சைட்டேஷன் (மற்றவர்கள் காட்டிய மேற்கோள்) எவ்வளவு, ஸ்கிரீன்ஷாட் இணைக்கவும். அவ்வளவுதான். என்ன ஆராய்ச்சி செய்தாய், எதற்காகச் செய்தாய் என்று எழுத ஒரு வரி இடம் கிடையாது.

தெரியாதவர்களுக்காக: உங்கள் கட்டுரைகளில் 12 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 12 தடவை, பிறர் மேற்கோள் காட்டியிருந்தால் உங்கள் எச்-இன்டெக்ஸ் 12. ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் 2005இல் சொன்ன கணக்கு. மூன்றே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் ஆயிரம் பேர் எடுத்தாண்டிருந்தாலும் உங்களுக்கு 3தான்.

நான் உவர் மண்ணில் வேலை பார்க்கிறவன். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் வயலில் ஒரு சோதனை வைத்தால் ஒரு சம்பாவுக்கு ஒரு தடவைதான் தரவு கிடைக்கும். மேட்டூரில் தண்ணீர் திறப்பது தள்ளிப்போனாலோ, அறுப்பு நேரத்தில் மழை அடித்தாலோ அந்த வருஷம் போயிற்று. பக்கத்து அறையில் வேப்பிலைச் சாறு, துளசிச் சாறு, நொச்சிச் சாறு என்று இலையை மட்டும் மாற்றி மாற்றி வெள்ளி நானோ துகள் செய்கிறார்கள், இலைக்கு ஒரு கட்டுரை. அவர்களுடைய எச்-இன்டெக்ஸ் பக்கத்தில் நான் நிற்கவே முடியாது. கட்டுரையையும் மேற்கோளையும் எண்ணிக் கணக்குப் பார்க்கும் இந்த பிப்ளியோமெட்ரிக்ஸ் என்பதே குமாஸ்தா வேலை, அதைத் தலைமுழுகினால்தான் ஆராய்ச்சி உருப்படும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கொள்ளிடக்கரை:

நானோக்காரன் ஆஜர். (உங்கள் பக்கத்து அறை இல்லை சார், இது வேறு கல்லூரி.) வயலில் நின்றால் புனிதம், லேபில் நின்றால் பித்தலாட்டம் என்கிற தொனியை முதலில் விடுங்கள். எங்களுக்கு மேற்கோள் அதிகம் விழுவதற்குக் காரணம் திருட்டு இல்லை. இந்தத் துறையில் உலகம் முழுக்க ஆள் அதிகம், ஒவ்வொருவரும் கட்டுரைக் கடைசியில் நீளமாகப் பட்டியல் போடுவார்கள். கணிதத் துறையில் ஆளும் குறைவு, பட்டியலும் குட்டை. படிவத்தில் எல்லாத் துறைக்கும் ஒரே கட்டம் வைத்தவர்களைக் கேளுங்கள், என்னை ஏன் இழுக்கிறீர்கள்?

சீர்காழி நூலகன்:

குடமுருட்டி சார், கோபம் நியாயம், விலாசம்தான் தப்பு. நான் நூலக அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூஜின் கார்ஃபீல்டு என்ற தகவல் அறிவியலாளர் 1955இல் சயன்ஸ் இதழில், எந்தக் கட்டுரையை யார் யார் எடுத்தாண்டார்கள் என்று காட்டும் மேற்கோள் அகராதி வேண்டும் என்று எழுதியபோது யாருக்கும் மார்க் போடுவதற்காகக் கேட்கவில்லை. ஒரு கட்டுரையை நீங்கள் நம்பி எடுத்தாளும் முன், அதற்குப் பிறகு வந்தவர்கள் அதை ஏற்றார்களா, கிழித்தார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்றார். 1964இல் அந்த அகராதி வந்தது. அதை வைத்து டெரக் பிரைஸ் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர் 1965இல் கணக்குப் பார்த்தபோது, எந்த ஒரு வருஷத்தை எடுத்தாலும் அதுவரை வந்த கட்டுரைகளில் ஏறக்குறைய 35 சதவீதத்தை அந்த வருஷம் ஒருவர்கூடத் தொடவில்லை, இன்னொரு 49 சதவீதத்தை ஒரே ஒரு தடவை தொட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அறிவியல் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி எவ்வளவு பெரிய செய்தி இது! எண்ணிப் பார்க்காமல் யாருக்குத் தெரிந்திருக்கும்? அதற்கும் முன்னால் 1926இல் லோட்கா என்ற புள்ளியியலாளர், ஒரு துறையில் எழுதுகிறவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஒரு கட்டுரையோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று காட்டினார். இதெல்லாம் கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஆளைப் பற்றியது இல்லை.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், அடிப்படையில் கணக்கு வாத்தியார், 1948இல் இங்கிலாந்தில் நடந்த அஸ்லிப் என்ற நூலகச் சங்கத்தின் மாநாட்டில் நூலக வேலைக்கும் புள்ளியியல் வேண்டும் என்று சொல்லி அதற்கு லைப்ரமெட்ரி என்று பெயர் வைத்தார். பிப்ளியோமெட்ரிக்ஸ் என்ற பெயரைப் பிரிச்சர்டு முன்வைத்தது 1969இல்தான். ரங்கநாதன் எண்ணச் சொன்னது நூலகத்துக்காக, வாசகரை வரிசைப்படுத்துவதற்காக இல்லை.

குடமுருட்டி:

வரலாறு நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் படிவம் என் மேசையில் இருக்கிறது. துப்பாக்கி செய்தவன் நல்லவன் என்றால் குண்டு பட்டவனுக்கு என்ன ஆறுதல்?

பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2018 விதிகளையே எடுத்துக்கொள்வோம். கட்டுரை வந்த இதழுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் 1க்குக் கீழே இருந்தால் 10 புள்ளி, 10க்கு மேலே இருந்தால் 30 புள்ளி. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது அந்த இதழில் முந்தைய இரண்டு வருஷம் வந்த கட்டுரைகளுக்குச் சராசரியாக எவ்வளவு மேற்கோள் விழுந்தது என்பது. சராசரியைத் தூக்கிப்பிடிப்பது அதில் வந்த நாலைந்து பெரிய கட்டுரைகள், புள்ளி வாங்குவது எல்லாரும். அடுத்தது இன்னும் வேடிக்கை. இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். கூட்டிப் பாருங்கள், 140 வரும். தனியாக எழுதுகிறவன் முட்டாள் என்று விதியே சொல்கிறது. அப்புறம் ஏன் துறைத் தலைவர் பெயர், தலைவரின் நண்பர் பெயர் எல்லாம் ஆசிரியர் வரிசையில் ஏறாது?

கும்பகோணத்தில் படித்த இராமானுஜனின் தொகுப்பில் இருப்பது 37 கட்டுரைதான். எச்-இன்டெக்ஸ் 37ஐத் தாண்டவே தாண்டாது. இன்றைக்கு இந்தப் படிவத்தை அவர் கையில் கொடுத்தால் உதவிப் பேராசிரியராகவே ஓய்வு பெறுவார்.

பாமணி:

இராமானுஜனை இழுக்காமல் நம் பக்கத்தில் ஒரு விவாதம் முடியாது போலிருக்கிறது. சார், நீங்களும் நானும் இராமானுஜன் இல்லை. நம்மைப் போன்றவர்களை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் கேள்வி.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம், எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள். எண் இல்லாத காலத்தில் பதவி உயர்வு எப்படி நடந்தது என்று யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். துறைத் தலைவருக்கு யாரைப் பிடிக்கும், யார் எந்த ஆட்கள், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போனார்கள். நேர்முகத்தில் என்னிடம் ஆராய்ச்சியைப் பற்றி எதுவும் கேட்காமல் "குழந்தை சின்னதா இருக்கே, எப்படிம்மா சமாளிப்பே" என்று கேட்டு அனுப்பினார்கள். அடுத்த முறை புள்ளிக் கணக்கு வந்துவிட்டது. பட்டியலில் என் பெயர் மேலே இருந்தது, தள்ள முடியவில்லை.

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு உச்ச வரம்பு 17 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். மீட்டர் இல்லாமல் கையால் அள்ளிப் பார்த்து "ஈரமா இருக்கு, எடுத்துட்டுப் போ" என்று சொன்னால் விவசாயி யாரிடம் போய்ச் சண்டை போடுவார்? மீட்டர் தப்பாகக் காட்டினாலாவது இன்னொரு மீட்டரைக் கொண்டுவா என்று கேட்கலாம். எனக்கு எச்-இன்டெக்ஸ் அப்படித்தான். அதைத் தலைமுழுகச் சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் கைதூக்கிவிட ஆள் இருக்கிறது.

கொள்ளிடக்கரை:

மேடம் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போடும் இதழ்கள் பெருகியதும் இந்தப் புள்ளியால்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 2018 மே மாதம் யூ.ஜி.சி. தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. அதில் போட்டுப் புள்ளி வாங்கிப் பதவி ஏறியவர்கள் அப்படியே இருக்கிறார்கள்.

தலைஞாயிறு விவசாயி:

பி.எஸ்சி. அக்ரி படித்துவிட்டு வயலில் இருக்கிறேன், உள்ளே வரலாமா? 1922இல் ஆரம்பித்த ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்களை நாங்கள் 36, 37, 43, 45 என்று நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். எந்த விவசாயி அடிக்குறிப்பு போட்டு நாற்று விட்டான்? அந்த ரகத்துக்குப் பின்னால் வருஷக்கணக்கில் வெயிலில் நின்று கதிர் எண்ணியவர்களின் உழைப்பு, கட்டுரைக் கணக்கு வைக்கும் உங்கள் ஸ்கோபஸ் தளத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? மீட்டர் கதை சரிதான் மேடம், ஆனால் அந்த மீட்டர் ஈரத்தை மட்டும்தான் பார்க்கும். சோறு எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது.

சீர்காழி நூலகன்:

அண்ணே, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் நீங்கள் சம்பாவில் போடும் சி.ஆர். 1009 சப்-1ஐ எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளத்தில் முங்கினாலும் இரண்டு வாரம் போலத் தாக்குப்பிடிக்கிறதே, அந்த மோட்டா ரகம். சப்-1ஏ என்ற மரபணு எது, எப்படி வேலை செய்கிறது என்று 2006இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று வரைபடமாகப் போட்டால், மரபணு ஆள், பயிர்ப் பெருக்க ஆள், வெள்ளப் பகுதியில் வயல் சோதனை வைத்த ஆள் என்று கிளை கிளையாகப் பிரிவது தெரியும். ஒரு கண்டுபிடிப்பு எந்த வழியாக வயலை நோக்கி நகர்ந்தது என்று பார்க்க என் தொழிலுக்கு ஒரு வழி இருக்கிறது. குமாஸ்தா வேலை என்று சொன்னவருக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

தலைஞாயிறு விவசாயி:

அந்த மரபணு ஒடிசாவின் பழைய நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ-யில் இருந்துதானே வந்தது தம்பி? தலைமுறை தலைமுறையாக அந்த நெல்லை விதைத்து வைத்திருந்தவருக்கு எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?

சீர்காழி நூலகன்:

சுழியம். அதில் வாதமே இல்லை. அச்சில் ஏறாதது எங்கள் வலையில் விழாது. தமிழில் எழுதும் ஆய்வாளர்களுக்கும் பாதிக்கு மேல் அதே கதிதான், அவர்கள் எழுதும் நூல்களும் இதழ்களும் பெரிய தளங்களில் ஏறுவதே அபூர்வம்.

அச்சில் ஏறியதாவது ஒழுங்காக விழுகிறதா என்றால், அதற்கு என் மேசையைக் காட்டுகிறேன். டெல்டாவில் நெல்லைப் பற்றி வந்த கட்டுரைகளை இறக்கி எக்ஸலில் வைத்திருக்கிறேன். ஒரே ஆள் ஒரு வரியில் "செந்தில்குமார் ஆர்.", அடுத்ததில் "குமார் ஆர்.எஸ்.", இன்னொன்றில் அப்பா பெயரை விரித்து "ராமசாமி எஸ்.". தளம் வெள்ளைக்காரர் வழக்கப்படி கடைசிப் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது, நமக்கு அது ஒன்று அப்பா பெயர், இல்லாவிட்டால் சொந்தப் பெயரில் உடைந்த பாதி. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண்கள் தளத்தில் இரண்டு ஆளாக வாழ்கிறார்கள், மேற்கோளும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. முகவரியில் தஞ்சாவூர், டான்ஜோர், தஞ்சை மூன்றும் மூன்று ஊர். இதை ஒட்டவைப்பதில்தான் என் மாலை நேரமெல்லாம் போகிறது. ஆட்களைத் தனித்தனியாக அடையாளம் காண 2012இல் ஓர்கிட் எண் வந்தது, நம் பக்கம் வாங்கியவர்களும் அதைப் புதுப்பிப்பதில்லை.

ஆயிரம் கட்டுரையை மொத்தமாகப் பார்க்கும்போது இந்தப் பிசகுகள் ஓரளவு கரைந்துபோகும். ஒரு தனி ஆளின் படிவத்தில் கரையாது. பாமணி மேடம், உங்கள் இனிஷியல் மாறியிருந்தால் போய்ப் பாருங்கள், உங்களை மேலே தூக்கிய அதே எண் உங்களுக்குக் குறைத்தும் கொடுத்திருக்கலாம்.

பாமணி:

பார்த்தேன். இரண்டு நான் இருக்கிறேன். சேர்க்கச் சொல்லி எழுதிவிட்டேன், நன்றி. ஆனால் கவனியுங்கள், எண்ணில் இருக்கும் தப்பைக் கண்டுபிடித்து மனு போட முடிகிறது. தலைவரின் மனசில் இருக்கும் தப்புக்கு எங்கே மனு போடுவது?

குடமுருட்டி:

சரி, தலைமுழுக வேண்டாம், ஒரு ஓரமாக இருக்கட்டும். 2015இல் லைடன் அறிக்கை என்று பத்து விதி போட்டார்கள். எண் என்பது படித்துப் பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டுக்குத் துணைதான் என்பது முதல் விதி, உள்ளூருக்குத் தேவையான ஆராய்ச்சியைக் காப்பாற்று என்பது மூன்றாவது. எழுதியவர்கள் இதே பிப்ளியோமெட்ரிக்ஸ் துறையைச் சேர்ந்தவர்கள்தான், நூலகத் தம்பி சந்தோஷப்படலாம். அதன்படி என் யோசனை: ஒவ்வொருவரும் தன் வேலையில் சிறந்த மூன்றைக் கொடுக்கட்டும். கட்டுரையோ, ரகமோ, விவசாயிகளுக்கு எழுதிய கையேடோ எதுவானாலும் சரி. வெளியிலிருந்து துறை தெரிந்த ஒருவர் படித்துவிட்டு எழுதித் தரட்டும்.

கொள்ளிடக்கரை:

என் துறையில் படித்துவிட்டு எழுதுவார்கள். பக்கத்து மேசைக்காரன் படிக்காமலே எழுதுவான், அதையும் பார்த்திருக்கிறேன்.

பாமணி:

அந்த வெளியாளைத் தேர்ந்தெடுப்பது யார் சார்? அதே துறைத் தலைவர்தானே? இந்த ஒரு கேள்விக்குப் பதில் வராமல் நான் என் எண்ணை விட மாட்டேன். படிக்கிறவருக்கு எழுதியவர் பெயரை மறைத்துக் கொடுங்கள், அவர் எழுதித் தருவதை எங்கள் கையில் கொடுங்கள், மறுத்து எழுத ஒரு வாய்ப்புக் கொடுங்கள், அப்போது பேசலாம்.

குடமுருட்டி:

பெயரை எப்படி மறைப்பது? தலைஞாயிறு உவர் மண் என்று முதல் வரியைப் படித்ததுமே அது நான்தான் என்று இந்த நாலு மாவட்டத்திலும் தெரிந்துவிடும். மற்ற இரண்டும் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி. கட்டத்தில் எண்ணைப் போட்டு, கூடவே உவர் மண் வேலையைப் பற்றி ஒரு பக்கம் தனியாக இணைத்துக் கொடுக்கப்போகிறேன், கேட்காவிட்டாலும்.

பாமணி:

கொடுங்கள் சார். அந்தப் பக்கத்தைக் குழுவில் யார் படித்தார்கள் என்று கேட்டு இங்கே வந்து எழுதுங்கள்.