மறு: ‘டியர் 2’, ‘இன்டோர்’: வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

ந. (மதுரை):

வணக்கம் நண்பர்களே. சிறுவர் களஞ்சியம் ஒன்றுக்கு டென்னிஸ் பகுதியை மொழிபெயர்க்கிறேன், வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. சூரிச் ஓப்பன் பதிவில் மாட்டிக்கொண்டேன். 1984-இல் தொடங்கிய பெண்கள் போட்டி, முதலில் அதன் பெயரே யூரோப்பியன் இன்டோர்ஸ். ஸ்டெஃபி கிராஃப் ஆறு முறை வென்றிருக்கிறார். 1993 முதல் 2007 வரை டியர் 1-ஆக, அதாவது போட்டிகளை மேல்கீழாக வரிசைப்படுத்தியதில் முதல் படியில் (ஆங்கிலத்தில் tier), இருந்தது, 2008-இல் டியர் 2-க்கு இறக்கினார்கள், அந்த ஆண்டோடு சரி, அப்புறம் நடக்கவேயில்லை. கூரைக்குள் ஆடுவது, டியர் 2, இனி நடக்காதது, இந்த மூன்றையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரே வரியில் சொல்லவேண்டும். இப்போதைக்கு எழுதியிருப்பது: “சூரிச் ஓப்பன், கைவிடப்பட்ட இரண்டாந்தர உள்விளையாட்டரங்கப் போட்டி.” எனக்கே திருப்தியில்லை.

செ. (கோவை):

‘இரண்டாந்தரம்’ வேண்டவே வேண்டாம் ந. மளிகைக் கடையில் இரண்டாந்தரப் பருப்பு என்றால் என்ன அர்த்தமோ அதுதான் பிள்ளைக்குத் தோன்றும். 2008 இறுதி ஆட்டத்தில் பென்னெட்டாவைத் தோற்கடித்தவர் வீனஸ் வில்லியம்ஸ், அதே ஆண்டு விம்பிள்டனை வென்றவர். அதையா இரண்டாந்தரம் என்பது? அச்சில் ஒரு கால் கூடிவிட்டால் ‘இரண்டாந்தாரம்’ ஆகிவிடும், அது வேறு. ‘இரண்டாம் நிலை’ என்றால் காவலர் தேர்வு நினைவுக்கு வரும். மூன்றடுக்கு ஊராட்சி என்று பாடப்புத்தகத்திலேயே படிக்கிறார்களே, ‘இரண்டாம் அடுக்கு’ போதும்.

‘கைவிடப்பட்ட’ இன்னும் மோசம். மழையால் ஆட்டம் கைவிடப்பட்டது என்று தினமும் செய்தியில் கேட்கிற பிள்ளை, கூரைக்குள் நடக்கிற ஆட்டத்தை மழை எப்படி நிறுத்தியது என்று கேட்கும்.

வி. (சென்னை):

ஏன் இவ்வளவு சுற்றவேண்டும்? டியர் 1, டியர் 2 என்பது மகளிர் டென்னிஸ் சங்கம் வைத்த பெயர், பெயரை யாராவது மொழிபெயர்ப்பார்களா? அந்த முறையும் 2008-உடன் போய்விட்டது. 2009-இல் பிரீமியர், இன்டர்நேஷனல் என்று மாற்றினார்கள், 2021-இலிருந்து 1000, 500, 250. அப்படியே ‘டியர் 2’ என்று போட்டுவிட்டுப் போகலாம்.

செ. (கோவை):

தமிழ் எழுத்தில் ‘டியர்’ என்று போட்டுப் பாருங்கள் வி., கடிதத் தொடக்கத்தில் வருகிற டியர்தான் தெரிகிறது. மூல எழுத்து பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு இது எந்த டியர் என்று எப்படித் தெரியும்? பிரீமியரை அப்படியே வைக்கலாம், டியரை முடியாது.

கு. (தஞ்சாவூர்):

அன்பர்களே, ‘அடுக்கு’ நல்ல சொல், ‘அடுக்கம்’ அதைவிட நல்ல சொல். ஒன்றை ஒன்று அடுத்து நிற்பது அடுக்கு. சங்கப் பாட்டில் மலைச்சாரலுக்கு அடுக்கம் என்று பெயர், மேலேயும் கீழேயுமாகப் படிந்து நிற்கும் தோற்றம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பாத்திர அடுக்கு நினைவுக்கு வராது. ‘இரண்டாம் அடுக்கம்’ என எழுதுக.

அரங்கு விஷயம் தனி. ஆற்றிடைக்குறைக்கு அரங்கம் என்று பெயர், திருவரங்கம் அப்படி வந்தது. நடுவே ஒதுக்கிய இடம் என்பதே அடிப்படை. சிலம்பின் அரங்கேற்று காதை கோலுக்கு இருபத்துநான்கு விரல் என்று அளவு சொல்லி, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடையை வகுக்கிறது. விரலை ஓர் அங்குலம் என்று தாராளமாக வைத்தாலும் 14 அடிக்கு 16 அடி. டென்னிஸில் சர்வீஸ் கட்டம் ஒன்றே 21 அடி நீளமாம், நேற்று பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு கட்டமே அரங்கில் அடங்காதபோது, முழு ஆட்டக்களத்தை அரங்கு என்பது எப்படி? ‘அகக்களம்’ என்க. நின்றுவிட்டதற்கு ‘இறந்துபட்ட’. இறத்தல் என்றால் கடத்தல், இறந்த காலம் என்பதில் சாவு ஏதுமில்லை.

த. (சூரிச்):

வணக்கம். ஐயா, குறை நினைக்க வேண்டாம். புதன்கிழமை பின்னேரம் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு உங்கள் வரியை எழுதிக் காட்டினேன். “இறந்துபட்ட போட்டி” என்றதும் முன் வாங்கில் இருந்த பிள்ளை, “விளையாடேக்க ஆர் செத்தது ரீச்சர்?” என்று கேட்டாள். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் எப்படி இறத்தலையும் கடத்தலையும் விளங்கப்படுத்துவது?

எங்களுக்கு ‘தரம்’ இழிவான சொல் இல்லை. ஊரில் தரம் ஐந்து புலமைப்பரிசில் என்றுதான் சொல்லுவோம். ஆனால் அதனாலேயே ‘இரண்டாம் தரம்’ என்றால் ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. ஆகவே அடுக்கு என்பதற்கு நானும் சம்மதம். இன்டோர் என்பதற்கு நாங்கள் ‘உள்ளக’ என்போம். உள்ளக விளையாட்டரங்கு என்று யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளங்கும்.

கடைசிப் போட்டி நடந்த ஹாலன்ஸ்டேடியன் இங்கே சூரிச்சின் ஓர்லிகோன் பகுதியில் இருக்கிறது. 1939-இல் சைக்கிள் ஓட்டப் போட்டிக்காகக் கட்டிய மண்டபம். அரங்கு என்றால் எத்தனை கோல் என்று நான் பார்க்க மாட்டேன் ஐயா, கூரையும் சனம் இருந்து பார்க்க இடமும் இருந்தால் அது அரங்குதான். ஹிங்கிஸ் 2000-இலும் ஷ்னைடர் 2002-இலும் இந்தப் போட்டியை வென்றார்கள், இரண்டு பேரும் இந்த நாட்டுப் பிள்ளைகள். அப்படி ஒரு போட்டி நின்றதைச் சொல்ல ‘நின்றுபோன’ போதாதா? சிற்றிதழ்களுக்கு அப்படித்தானே சொல்கிறோம்.

செ. (கோவை):

‘நின்றுபோன’! இது ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை? த. அம்மா சொன்னதே சரி. ‘உள்ளக’ மட்டும் இடிக்கிறது. உள்ளக விசாரணை என்று உங்கள் செய்திகளிலேயே வருகிறது, அங்கே அதற்குக் கூரை அர்த்தமில்லையே. இங்கே நேரு உள்விளையாட்டரங்கம் என்று எழுதிப் பழகிவிட்டார்கள், அதில் ‘உள்’ விளையாட்டோடு ஒட்டுகிறதா அரங்கோடு ஒட்டுகிறதா என்பதே குழப்பம். ‘உள்ளரங்க’ என்றால் இரு கரைக்கும் புரியும். ‘அகக்களம்’ வேண்டாம் ஐயா, மனப்போராட்டம் மாதிரி இருக்கிறது.

கு. (தஞ்சாவூர்):

பிள்ளை கேட்டது நியாயம், இறந்துபட்டதை விட்டுவிடுகிறேன். பழையன கழிதலும் புதியன புகுதலும் நன்னூல் சொன்னதுதான். ஆனால் கேட்டதும் புரிகிற சொல்லை மட்டும் தேர்ந்துகொண்டே போனால் அடுக்கம் போன்ற சொற்கள் உரைநூலைத் தாண்டி எப்போது வெளியே வரும்? ஒரு பிள்ளைக்கு ஒரு புதுச் சொல் போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

ந. (மதுரை):

எல்லோருக்கும் நன்றி. ஐந்து பேரில் மூன்று பேர் ஒரு பக்கம், வி. இன்னும் டியரில்தான் நிற்கிறார், எனக்கு நாளை காலை வரைதான் நேரம். இப்படி அனுப்பிவிட்டேன்: “சூரிச் ஓப்பன், 1984 முதல் 2008 வரை நடந்து நின்றுபோன உள்ளரங்க டென்னிஸ் போட்டி. நெடுங்காலம் முதல் அடுக்கில் இருந்த இது, கடைசி ஆண்டில் இரண்டாம் அடுக்குக்கு இறங்கியது.” ஒரு வரி இரண்டு வரியாகிவிட்டது. கு. ஐயா, கடைசிப் பக்கச் சொல்லடைவில் ‘அடுக்கு’க்குப் பக்கத்தில் ‘அடுக்கம்’ சேர்க்க இடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

கு. (தஞ்சாவூர்):

சேர்த்தால் மகிழ்ச்சி. சேர்க்காவிட்டாலும் நான் அடுக்கம் என்றுதான் எழுதுவேன்.