ஃபோர்ட்சன் சூப்பர் மேஜர்: டீசல் பம்பு இறுகிவிட்டது, ஸ்டாப் கம்பி உள்ளே போகவே மாட்டேன் என்கிறது

களத்துவீடு, கோபி பக்கம்:

தாத்தா ஓட்டிய ஃபோர்ட்சன் சூப்பர் மேஜர், 1962 மாடல் என்று சொல்லுவார், ஆர்.சி. புத்தகம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நாலு சிலிண்டர், 3.6 லிட்டர் எஞ்சின், சிம்ஸ் இன்லைன் பம்பு. 2014-ல் கொட்டகையில் நிறுத்தியது, அதற்கப்புறம் கோழி முட்டையிட்டதைத் தவிர அதில் ஒரு வேலையும் நடக்கவில்லை.

போன மாதம் ஆசை வந்து புது பேட்டரி போட்டேன், எஞ்சின் ஆயில் மாற்றினேன், டேங்கை இறக்கிக் கழுவினேன். அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி கசடு, அதோடு ஒரு டம்ளர் துருத்தண்ணீர். ஃபில்டர் புதுசு. செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆயில் பிரஷர் ஏறுகிறது. பம்பின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் குமிழி இல்லாமல் டீசல் வருகிறது. ஆனால் நாசில் பைப் நட்டு நாலையும் தளர்த்திவிட்டுச் சுற்றினால் ஒன்றில்கூட ஒரு சொட்டு இல்லை.

ஸ்டாப் கம்பி வெளியே இழுத்த நிலையிலேயே நிற்கிறது, தள்ளினால் கம்பிதான் வளைகிறது. குளிர் ஸ்டார்ட்டுக்கு அழுத்துகிற எக்ஸஸ் பட்டனை அழுத்தினால் சுவரை அழுத்துவது மாதிரி இருக்கிறது.

ஊர் மெக்கானிக் ஒருவர் பம்பைக் கழற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்பு, உள்ளே டீசலை அழுத்துகிற எலிமெண்ட் நாலும் மாற்றணும் என்கிறார். இன்னொருவர் வேறு டிராக்டரில் கட்டி இழுத்து, கியரில் போட்டு கிளட்சை விட்டால் இறுக்கம் தானாக விட்டுவிடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பழைய வண்டிப் பிரியன்:

பம்புக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் விட்டு, மேலே சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள். எங்கள் வண்டி அப்படித்தான் ஓடியது. இப்போது வருகிற பிஎஸ்-6 டீசலில் பிசுக்கே கிடையாது, பழைய பம்பெல்லாம் அதனால்தான் இப்படி ஜாம் ஆகிறது.

பம்பு பெஞ்ச், ஈரோடு:

சுத்தியலைத் தூக்கித் தூரப் போடுங்கள் தம்பி. மேலே தட்டினால் நாசில் பைப் மாட்டுகிற டெலிவரி ஹோல்டர்தான் அடி வாங்கும், உள்ளே இறுகியது அப்படியே இருக்கும். பிஎஸ்-6 கதையும் இங்கே ஒட்டாது. அது வந்ததே 2020 ஏப்ரலில், உங்கள் வண்டி ஆறு வருடம் முன்னாலேயே படுத்துவிட்டது. கெடுத்தது டேங்கில் இருந்த அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான்.

இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற வேலை வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். இந்த பம்பில் இருப்பது வேக்குவம் கவர்னர். எஞ்சின் நிற்கும்போது டயாபிரம் என்கிற மெல்லிய தோலுக்குப் பின்னால் இருக்கிற ஸ்பிரிங், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக் கம்பியை முழு டீசல் பக்கம் தள்ளி வைத்திருக்கும். ஓட ஆரம்பித்த பிறகு காற்று இழுக்கிற இன்டேக்கில் உண்டாகிற உறிஞ்சல்தான் அதைப் பின்னால் இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இறுகின ராக் இழுக்கிற குலுக்கலில் திடீரென்று விட்டு, முழு டீசலில் போய் மறுபடி மாட்டினால் எஞ்சின் கத்திக்கொண்டு ஏறும், ஸ்டாப் கம்பியும் வேலை செய்யாது. ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டவன் அப்புறம் வாழ்நாளில் இழுக்கச் சொல்லமாட்டான்.

இப்போது உங்கள் விஷயம். 2014-ல் நிறுத்தியபோது ஸ்டாப் கம்பியை இழுத்தவர் திரும்பத் தள்ளாமல் அப்படியே விட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. அதனால் ராக் டீசல் இல்லாத நிலையில் இறுகிவிட்டது, நாசிலுக்கு ஒரு சொட்டும் வராததற்குக் காரணம் அதுதான். ஒரு வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். முழு டீசலில் இறுகியிருந்தால் முதல் செல்ஃபிலேயே தெரிந்திருக்கும்.

பம்பை இறக்காதீர்கள், டைமிங் போய்விடும். பக்கவாட்டில் ஒரு தகடு மூடி இருக்கும், சுற்றிலும் நன்றாகக் கழுவிவிட்டு அதை மட்டும் கழற்றுங்கள். உள்ளே நாலு ஸ்பிரிங், சிலிண்டருக்கு ஒன்றாக டீசலை அழுத்தித் தள்ளுகிற நாலு பிளஞ்சர். ஒவ்வொரு பிளஞ்சரிலிருந்தும் ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டு ராக் கம்பியில் இருக்கிற கவைக்குள் உட்கார்ந்திருக்கும். மைகோ பம்பு பார்த்துப் பழகினவர்கள் பல் வைத்த ராக்கைத் தேடுவார்கள், சிம்ஸில் பல் கிடையாது, கவைதான். அந்தக் கவை ஸ்க்ரூக்களை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். நாலு சிலிண்டருக்கும் சமமாக டீசல் போகிற அளவு அங்கேதான் வைத்திருக்கிறது, கால் சுற்று நகர்ந்தாலும் கலிப்ரேஷன் பெஞ்சுக்கு வந்தாக வேண்டும்.

அப்புறம் டாப் கியரில் போட்டு, ஆள் வைத்துப் பின் டயரைத் தள்ளி எஞ்சினை மெதுவாகச் சுற்றச் சொல்லிவிட்டு நீங்கள் மூடி கழற்றிய அந்தத் திறப்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். கேம் மேலே தள்ளும்போது நாலும் ஏறும். கீழே இறங்கும்போது நல்ல பிளஞ்சர் ஸ்பிரிங்கோடு இறங்கிவரும். மாட்டினது மேலேயே நின்றுவிடும், அதன் பாதத்துக்கும் கீழேயிருந்து தள்ளுகிற டேப்பெட்டுக்கும் நடுவில் இடைவெளி தெரியும். ஒன்று மாட்டினாலே போதும், அதன் கை திரும்பாது, கை திரும்பாவிட்டால் ராக் கம்பி மொத்தமும் நகராது. நாலும் ஜாம் என்று நினைத்து நாலு எலிமெண்ட் வாங்கினவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எது என்று தெரிந்ததும் அந்த லைனின் டெலிவரி ஹோல்டரை மட்டும் கழற்றுங்கள், உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கையும் வால்வையும் ஒரு கிண்ணத்தில் டீசலுக்குள் போட்டு வையுங்கள், பக்கத்து லைனோடு மாற்றிவிடக் கூடாது. அந்த ஓட்டை வழியாகத் துரு இளக்குகிற எண்ணெயும் பவர் ஸ்டியரிங் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். அவசரப்படாமல் இரண்டு மூன்று நாள் ஊறட்டும். தினம் இருமுறை, பெரிய ஸ்க்ரூ டிரைவரை ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டில் கொடுத்துக் கீழ்நோக்கி நெம்புங்கள், கை பலம் போதும். கேஸ் வைத்துச் சூடு காட்டாதீர்கள், பிளஞ்சரும் அது ஏறி இறங்குகிற பேரலும் ஜோடியாக உரசி எடுத்தது.

கடைசியாக, பம்புக்கு உள்ளே தனி ஆயில் உண்டு, எஞ்சின் ஆயில் அங்கே போகாது. பழசை வடித்து மோந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் அதுவும் மாற்றவேண்டியதுதான்.

வன்னி விவசாயி:

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் ஃபோர்ட்சன் குறைவு, மெசி 35, 135 தான் அதிகம், இன்னும் வயலில் ஓடுகின்றன. இதைப் படித்துவிட்டு மெசிக்காரர் யாரும் பக்க மூடியைத் தேடவேண்டாம். அதில் இருப்பது சிஏவி ரோட்டரி பம், மூன்று சிலிண்டருக்கும் ஒரே ரோட்டர்தான். அதிலும் நின்ற ட்ரக்டரில் டீசல் வராவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது மேல்மூடிக்கு உள்ளே இருக்கும், டீசலை அளந்து விடுகிற மீட்டரிங் வால்வை. பென்சில் அளவுகூட இராது, பழைய டீசல் பிசின் பிடித்து ஒட்டிக்கொள்ளும். என்னுடைய 35 இரண்டு வருடம் மழையில் நின்று இப்படித்தான் கிடந்தது, விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பியே எடுத்தேன். ரோட்டரே இறுகியிருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது, உள்ளே ட்ரைவ் ஷாஃப்ட் முறிந்துவிடும்.

அண்ணை சொன்ன வேகம் ஏறுகிற விஷயம் உண்மை. முதல் ஸ்டார்ட்டின்போது காற்று இழுக்கிற வாயை மூட ஒரு பலகையோ ஈரச் சாக்கோ கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும், வெறும் கையை வைக்கவேண்டாம்.

களத்துவீடு, கோபி பக்கம்:

பம்பு பெஞ்ச் அண்ணா, நீங்கள் ஜாதகம் பார்க்கிறவரா? அப்பாவிடம் கேட்டேன். கடைசியாக வண்டியை நிறுத்தினது அவர்தான், கம்பியை இழுத்து விட்டுவிட்டு வந்தேன், அது ஒரு தப்பா என்கிறார்.

மூடியைத் திறந்தேன். உள்ளே நாவல்பழச் சாறு மாதிரி ஆயில், முழுக்க டீசல் வாடை. மூன்றாவது பிளஞ்சர்தான், நீங்கள் சொன்ன மாதிரியே மேலேயே தொங்கிக்கொண்டு நின்றது, கீழே ஒரு தீக்குச்சி நுழைகிற இடைவெளி. மற்ற மூன்றும் ஏறி இறங்கின. எண்ணெய் விட்டேன். முதல் நாள் ஒன்றுமில்லை, இரண்டாம் நாள் ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் கோபத்தில் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டு இந்தப் பதிவை மறுபடி படித்துவிட்டு வைத்துவிட்டேன். நாலாம் நாள் காலையில் பால் கறந்துவிட்டு வந்து சும்மா ஒரு நெம்பு நெம்பினேன், "டிக்" என்று ஒரு சத்தம், இறங்கிவிட்டது! ஸ்டாப் கம்பியைத் தள்ளினால் ராக் கம்பி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. எக்ஸஸ் பட்டனும் உள்ளே போகிறது.

டெலிவரி ஹோல்டரைப் புது வாஷர் வைத்து மூட்டி, பம்புக்குப் புது ஆயில் விட்டு, ஏர் எடுத்து, பட்டனை அழுத்திவிட்டு செல்ஃப் அடித்தேன். நாலு பைப்பிலும் பீச்சியது. நட்டுகளை முறுக்கினதும் இரண்டாவது அடியில் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, கோழிகள் இன்னும் திரும்பி வரவில்லை. வீட்டுக்காரி ஈரச் சாக்கோடு பக்கத்திலேயே நின்றாள்.

இப்போது பிரச்சினை வேறு. ஐடிலுக்கு இறங்க மாட்டேன் என்கிறது. த்ராட்டில் முழுக்க மூடினாலும் உறுமிக்கொண்டே இருக்கிறது. ஸ்டாப் இழுத்தால் நிற்கிறது. மூன்றாவது பிளஞ்சரா காரணம்?

பம்பு பெஞ்ச், ஈரோடு:

பிளஞ்சர் இல்லை, அது சரியாகிவிட்டது. உறிஞ்சல் டயாபிரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இன்டேக்கிலிருந்து பம்புக்கு வருகிற சின்னப் பைப்பின் இரண்டு முனையையும் பாருங்கள், விரிசல் இருக்கும். பைப் நன்றாக இருந்தால் பம்பு முனையில் அதைக் கழற்றிவிட்டு, எஞ்சின் நிற்கும்போது ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்த ஓட்டையை விரலால் அடைத்துவிட்டு கம்பியை விடுங்கள். ராக் கொஞ்சம் நகர்ந்து அப்படியே நின்றால் டயாபிரம் பிழைத்தது. விரல் மூடியிருக்கும்போதே பின்னாடி ஓடி வந்தால் கிழிந்துவிட்டது.

அதைச் சரிபண்ணும் வரை ஓட்டாதீர்கள், கொட்டகையைச் சுற்றி ஒரு ரவுண்டுகூட வேண்டாம். இன்னொன்று, நட்டைத் தளர்த்திவிட்டு எஞ்சின் ஓடும்போது பைப் பக்கம் கையை நீட்டாதீர்கள். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வலி குறைவாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

களத்துவீடு, கோபி பக்கம்:

பைப் நன்றாக இருக்கிறது. விரல் வைத்துப் பார்த்தேன், ஓடி வந்துவிட்டது. பின்மூடியைக் கழற்றினால் டயாபிரம் பழைய அப்பளம் மாதிரி, தொட்ட இடத்தில் உடைகிறது. விட்டத்தையும் நடு ஓட்டையையும் அளந்து உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன் அண்ணா, கடையில் தோல் இருந்தால் எடுத்து வையுங்கள், வியாழக்கிழமை மஞ்சள் போட ஈரோடு மார்க்கெட்டுக்கு வருகிறேன்.