நூதன் படங்களை எங்கிருந்து தொடங்குவது? 'சுஜாதா' எனக்குப் பிடிபடவில்லை

கரிசல்காடு:

நான்கு மாதமாகப் பழைய ஹிந்திப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். எனக்கு ஹிந்தி தெரியாது. கீழே ஓடும் ஆங்கில வரிகளை வைத்துத்தான் கதையைப் பிடிக்கிறேன். ராத்திரி கடையை அடைத்து, சாப்பிட்டு முடித்து, லேப்டாப்பில் ஒரு மணி நேரம். ஒரு படம் முடிய மூன்று நாள் ஆகும்.

'மதர் இந்தியா'வில் மாடு இல்லாமல் நர்கிஸ் தானே ஏர் இழுக்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். 'முகல்-ஏ-ஆஸம்' படத்தில் கண்ணாடி மண்டபத்தில் மதுபாலா அக்பரை நேருக்கு நேர் பார்த்துப் பாடுவதை நான்கைந்து தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன். 'சாஹிப் பீபி அவுர் குலாம்' மீனா குமாரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'கைடு' படத்தில் வஹீதா ரஹ்மானின் பாம்பு நடனமும் அப்படித்தான். ஒவ்வொருவரிடமும் "இதுதான் இவர்" என்று ஓர் இடம் கிடைத்துவிட்டது.

நூதனிடம் மட்டும் அது கிடைக்கவில்லை. நடிப்பு என்றால் நூதன்தான் என்று பலர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு 'சுஜாதா' (1959) பார்த்தேன். நல்ல கதை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் படம் முழுக்க வீட்டு வேலை செய்கிறாள், தலை குனிகிறாள், பேசாமல் நிற்கிறாள். அவர் என்ன நடித்தார் என்றே எனக்குத் தெரியவில்லை. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரிந்துகொள்ள ஆசை. அடுத்து எதைப் பார்க்கலாம்? எப்படிப் பார்க்க வேண்டும்?

காகூவீட்டு ஜன்னல்:

தம்பி, கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வளர்ந்தது மும்பை பக்கம் டோம்பிவிலியில், ஒரு சாலில். வரிசையாக ஒண்டுக் குடித்தனங்கள் இருக்கும் கட்டடத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவை எல்லோரும் காகூ என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் ஹிந்திப் படம் போடுவார்கள். காகூ வீட்டுத் தரையில் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்போம், ஜன்னலுக்கு வெளியே இன்னும் பத்துப் பேர். அன்றைக்கு நூதன் படம் என்றால் காகூ அடுத்த நாளைக்கான அரிசி முறத்தோடுதான் உட்காருவார். "ஆப்லி நூதன்" என்பார். நம்ம நூதன் என்று அர்த்தம். நூதனின் அம்மா ஷோபனா சமர்த் அந்தக் காலத்தில் சீதையாக நடித்துப் பெயர் வாங்கிய மராத்தி நடிகை. அதனால் காகூவுக்கு அது குடும்பப் பெருமை மாதிரி.

அந்த அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். "பேசறவனைப் பார்க்காதே, அவ கேக்கறதைப் பாரு." மற்ற நடிகைகள் பேசும்போது நடிப்பார்கள், நூதன் கேட்கும்போது நடிப்பார். ஐம்பது வருஷமாக நான் அவர் படங்களைப் பார்ப்பது இப்படித்தான்.

'சுஜாதா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். டெலிபோன் பாட்டு நினைவிருக்கிறதா? சுனில் தத் அந்தப் பக்கம் ரிசீவரை வைத்துக்கொண்டு பாடுகிறார், தலத் மஹ்மூத் குரல். இந்தப் பக்கம் நூதன் கேட்டுக்கொண்டு நிற்கிறார். பாட்டு முழுக்க அவருக்கு ஒரு வார்த்தை கிடையாது. காதில் போன், வேறெதுவும் இல்லை. பாட்டின் தொடக்கத்தில் அந்த முகத்தில் சந்தோஷம் வரப் பார்க்கிறது. தனக்கு அதற்கு உரிமை இல்லை என்ற நினைப்பு கூடவே வந்து அதை அமுக்குகிறது. தீண்டத்தகாத குடும்பத்தில் பிறந்து, பிராமண வீட்டில் வளர்ந்த பெண் அவள். வளர்த்த தாய் வெளியாட்களிடம் "எங்க பொண்ணு" என்று சொல்ல மாட்டாள், "எங்க பொண்ணு மாதிரி" என்பாள். அந்த "மாதிரி" காதில் விழும் ஒவ்வொரு தடவையும் நூதன் முகத்தைப் பாருங்கள். ஹிந்தி தெரியாவிட்டாலும் அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்: "ஜைஸீ". அது வரும் இடமெல்லாம் படம் உங்களுக்குத் திறக்கும்.

நீங்கள் ஏன் தவறவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் கண் கீழே எழுத்தில் இருந்தது. எழுத்து ஓடும்போதெல்லாம் வேறு யாரோ பேசுகிறார்கள். நூதன் பேசாத நேரம் எழுத்து இருக்காதே, அப்போது பார்க்கலாமே என்பீர்கள். அப்படியில்லை. அவர் கேட்கும்போதுதான் மற்றவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். எழுத்தும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்து 'பந்தினி' (1963). 'சுஜாதா'வை இயக்கிய அதே பிமல் ராய். அவர் இயக்கிய கடைசிப் படம் அது. கதையை முதலிலேயே தெரிந்துகொண்டு பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். கல்யாணி ஒரு கொலைக்காகச் சிறையில் இருக்கிறாள். காசநோய் வந்த ஒரு கைதியை யாரும் நெருங்காதபோது இவள்தான் முன்வந்து பணிவிடை செய்கிறாள். சிறை டாக்டர் தர்மேந்திரா அவளை விரும்புகிறார். அப்புறம் பழைய கதை விரிகிறது: அஷோக் குமார் ஒரு சுதந்திரப் போராட்ட வீரர், கல்யாணியிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அவள் வேலைக்குச் சேர்கிறாள். சிடுசிடுவென்று விழும் ஒரு நோயாளிக்குப் பணிவிடை. தன்னைத் தேடி வந்த அப்பா இறந்துபோன துக்கமும், அந்த நோயாளி அஷோக் குமாரின் மனைவி என்ற உண்மையும் ஒன்றாக வந்து அவள்மேல் விழுகின்றன.

இனி வருவதுதான் அந்தக் காட்சி. வெளியே இரும்பு வேலை நடக்கிறது. சம்மட்டி அடி விழுந்துகொண்டே இருக்கிறது. வெல்டிங் வெளிச்சம் விட்டு விட்டு அவள் முகத்தில் அடிக்கிறது. வசனம் இல்லை. கேட்டுக்கொண்டே நிற்கிறாள், அந்தச் சத்தத்துக்குள் ஒரு முடிவு உருவாகிறது, டீயில் விஷம் கலக்கிறாள். கண்ணை உருட்டுவதோ பல்லைக் கடிப்பதோ கிடையாது. ஒரு நல்ல பெண் கொலைகாரி ஆவதை முகத்தை வைத்தே காட்டிவிட வேண்டும். அதை எனக்குத் தெரிந்து வேறு யாரும் இப்படிச் செய்ததில்லை. அந்த இடம் வரும்போது காகூவின் கையில் முறம் அசையாது. ஜன்னல் கூட்டமும் மூச்சுக் காட்டாது.

ஃபிலிம்ஃபேரில் சிறந்த நடிகை விருது ஐந்து தடவை வாங்கியவர்: 'சீமா', 'சுஜாதா', 'பந்தினி', 'மிலன்', 'மைன் துளசி தேரே ஆங்கன் கீ'. இவருடைய தங்கை தனுஜாவின் மகள் கஜோல் பின்னாளில் அந்த எண்ணிக்கையை எட்டினார். ஆனால் விருதுக்காகப் பார்க்காதீர்கள். 'பந்தினி'யை முதல் தடவை எழுத்தோடு பாருங்கள், இரண்டாம் தடவை எழுத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

1991 பிப்ரவரியில் புற்றுநோயில் அவர் போனபோது வயது 54தான். அன்று வேலை முடிந்து வந்து நான் நேராகக் காகூ வீட்டுக்குத்தான் போனேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

இரவுப்பாட்டு:

அக்கா சொன்னதில் ஒரு வரி விடாமல் ஒப்புக்கொள்கிறேன். பாட்டுப் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். 'சீமா'வில் லதா பாடிய "மன்மோஹனா படே ஜூட்டே" என்ற பாட்டைத் தனியாகத் தேடிப் பாருங்கள். ஜெய்ஜெய்வந்தி ராகம், வேகமான ஸ்வர ஓட்டங்கள் சரசரவென்று இறங்கும். நூதனின் தொண்டையும் தோளும் அதோடு சேர்ந்து அசையும், வாயசைப்பு என்றே தோன்றாது. முறையாகப் பாட்டுக் கற்றவர் அவர். அம்மா இயக்கிய 'சபீலி' (1960) படத்தில் தன் பாட்டைத் தானே பாடியும் இருக்கிறார்.

இன்னொன்று, நூதன் என்றால் அழுகை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 'பந்தினி' வந்த அதே 1963இல்தான் 'தேரே கர் கே சாம்னே' வந்தது. தேவ் ஆனந்தோடு குதுப் மினார் படிகளில் இறங்கிக்கொண்டே ஒரு பாட்டு, எஸ்.டி. பர்மன் இசை. அதில் வரும் பெண் குறும்பும் வெட்கமுமாக, கல்யாணிக்குத் தூரத்து உறவு என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரே வருஷத்தில் இரண்டையும் செய்திருக்கிறார்.

'மிலன்' கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கலாம். தெலுங்கு 'மூக மனசுலு'வின் ஹிந்தி வடிவம் அது. தமிழில் சாவித்திரி எடுத்த 'பிராப்தம்' அதே கதைதான்.

மூன்றாம் மணி:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. கேட்பதுதான் நடிப்பு என்றால் மீனா குமாரியையும் சொல்ல வேண்டும். 1962 படங்களுக்கான ஃபிலிம்ஃபேரில் சிறந்த நடிகைக்கான மூன்று பரிந்துரைகளுமே மீனா குமாரிக்குத்தான் போயின. 'சாஹிப் பீபி'க்குப் பரிசு. அந்த உயரத்தையும் மறக்க வேண்டாம்.

'பந்தினி'யின் முடிவு எனக்கு இன்றும் வலிக்கிறது. தன் வாழ்க்கையைக் குலைத்தவனிடமே அவள் ஏன் திரும்ப ஓட வேண்டும்? தர்மேந்திரா காத்திருக்கிறாரே! பாட்டிலேயே "நான் கைதி" என்று ஒத்துக்கொள்ள வைக்கிறார்கள். நடிப்பு எவ்வளவு பெரியதானாலும் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

காகூவீட்டு ஜன்னல்:

மீனா குமாரியைப் பற்றிச் சொன்னது முழுக்க சரி. நான் யாரையும் இறக்கவில்லை.

முடிவு பற்றி: எங்கள் சாலிலும் இதே சண்டை நடந்தது. கல்லூரிப் பெண்கள் எல்லாம் தர்மேந்திரா கட்சி. எனக்கும் அந்த முடிவு நியாயமாகப் படவில்லை. ஆனால் கரையில் அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தை இன்னொரு தடவை கேளுங்கள். ஒரு பக்கம் ரயில் கூவுகிறது, இன்னொரு பக்கம் நீராவிக் கப்பல் சங்கு. பர்மன் தன் சொந்தக் குரலில் "ஓ ரே மாஜி" என்று படகோட்டியை அழைக்கிறார். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் அந்த முகம் கிழிபடுகிறது. கடைசி நொடியில்தான் ஓடுகிறாள். அவள் செய்தது சரியென்று நூதன் நமக்குச் சொல்லவில்லை. அவளால் வேறு செய்ய முடியவில்லை என்பதை மட்டும் காட்டுகிறார். அதற்கு மேல் என்னிடம் வாதம் இல்லை.

கரிசல்காடு:

எல்லோருக்கும் நன்றி. நேற்றோடு 'பந்தினி' இரண்டு தடவை முடிந்தது. அம்மா சொன்னபடி இரண்டாம் தடவை எழுத்தை அணைத்துவிட்டேன்.

விஷக் காட்சியைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள். எனக்குக் கிடைத்த இடம் வேறு. சிறையில் ஒரு கைதி திருகையில் மாவரைத்துக்கொண்டே பாடுகிறாளே, ஆஷா குரலில், "இந்த வருஷமாவது அண்ணனை அனுப்பி என்னைக் கூட்டிப் போங்கள் அப்பா" என்று. பாடுகிறவள் யாரென்றே நமக்குத் தெரியாது. கல்யாணி வெறுமனே கேட்கிறாள். அவளைக் கூட்டிப் போக அப்பா இல்லை. முதல் தடவை நான் பாட்டின் அர்த்தத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவைதான் அவளைப் பார்த்தேன். அப்புறம் 'சுஜாதா' டெலிபோன் பாட்டையும் திரும்பப் போட்டேன். ரிசீவரை அவர் பிடித்திருக்கும் பிடியை எப்படிப் போன தடவை பார்க்காமல் விட்டேன் என்றே தெரியவில்லை.

அடுத்து 'சௌதாகர்' (1973) பார்க்கலாமா? அமிதாப் பச்சன் நடித்தது. வெல்லம் காய்ச்சும் கதை என்று போட்டிருக்கிறது.

காகூவீட்டு ஜன்னல்:

கட்டாயம் பாருங்கள். ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சி வெல்லம் எடுக்கும் பெண்ணாக வருகிறார், பெயர் மஹ்ஜுபி. வெல்லம் விற்கும் அமிதாப் அவள் கைப்பக்குவத்துக்காகவே அவளைக் கல்யாணம் செய்து, அந்த வருமானத்தில் பணம் சேர்த்து, அவளைத் தள்ளிவிட்டு வேறொருத்தியைக் கட்டுகிறான். புதியவளுக்கு அந்தப் பக்குவம் வராது. வியாபாரம் படுத்துவிடும். 'சீமா' வந்து பதினெட்டு வருஷம் கழித்து வந்த படம், ஒப்பனை என்று ஒன்றும் பெரிதாக இல்லாத முகம். அடுப்புக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

கரிசல்காடு:

அம்மா, எங்கள் ஆச்சி ஊர் வேம்பார் பக்கம். ஆச்சி விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், கருப்பட்டி ஊற்றியவர். பதநீர் பாகாகி, கூப்பனி பதம் வந்துவிட்டதா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். நான் பக்கத்தில் சிரட்டையோடு உட்கார்ந்திருப்பேன். கொதி அடங்கும் சத்தம் மாறும்போதே "இறக்கலாம்டா" என்பார், பாத்திரத்தைப் பார்க்கவே மாட்டார்.

நாளைக்குக் கடை விடுமுறை. எழுத்தை முதலிலேயே அணைத்துவிட்டுப் பார்க்கப் போகிறேன். நூதன் அடுப்பைக் கேட்கிறாரா என்று பார்த்து வந்து சொல்கிறேன்.