மறு: சுருள்வில் தோற்கும் வேகத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

சுழலும் குண்டைச் சுருள்வில்லால் இழுத்துப் பிடிக்க முடியாமல் போகும் கோணவேகத்துக்கு (நொடிக்கு எவ்வளவு கோணம் சுற்றுகிறது என்பதற்கு) நீங்கள் பரிந்துரைத்த ‘மாறுநிலைக் கோணவேகம்’ என்ற சொல்லில் பிழை இல்லை. ஆனால் மாறுநிலை வெப்பநிலையை (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) படித்துவிட்டு வரும் மாணவர், இங்கே எந்த நிலை மாறுகிறது என்று கேட்பார். எதுவும் மாறவில்லை, சுருள்வில்லால் இழுத்துப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வழவழப்பான மேசை. 20 செ.மீ. இயல்பு நீளமுள்ள வில்லின் ஒரு முனை நடு ஆணியில். மறுமுனையில் 100 கிராம் குண்டு. வில்மாறிலி (வில்லை ஒரு மீட்டர் நீட்டத் தேவையான விசை) மீட்டருக்கு 10 நியூட்டன். நொடிக்கு 5 ரேடியன் வேகத்தில் சுற்றினால் நீட்சி 6.7 செ.மீ. 8 ரேடியனில் 35.6. ஒன்பதில் 85! வில் நீள நீள ஆரம் கூடுகிறது. ஆரம் கூடக் கூட, குண்டை வட்டத்தில் வைத்திருக்கத் தேவைப்படும் மையநோக்கு விசையும் கூடுகிறது. 10 ரேடியனைத் தொட்டால், நீட்சிக்கான சமன்பாட்டில் கீழே நிற்கும் பகுதி (வில்மாறிலி − நிறை × கோணவேகத்தின் இருபடி) சுழியாகிவிடும். எந்த நீளத்திலும் குண்டு நிலைகொள்ளாது. (நிஜ வில் அதற்கு முன்பே மீட்சி எல்லையைத் தாண்டி வெறும் கம்பியாகியிருக்கும்.)

கோளின் ஈர்ப்பை விட்டு வெளியேறத் தேவையான வேகத்துக்கு ‘விடுபடு வேகம்’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதே அச்சில் ‘பிடிவிடு கோணவேகம்’ என்று வைக்கலாமே? மையநோக்கு விசைக்கு இலத்தீனில் பெயர் வைத்த நியூட்டனும், மையவிலக்கு விசைக்கு டச்சு அறிஞர் ஹைகன்ஸ் வைத்த பெயரின் அச்சில்தான் வார்த்தார்.

—

தம்பி,

வினைத்தொகை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மொபெட்டின் மையவிலக்கு கிளட்சை நினைத்துப் பாருங்கள். வேகம் கூடும்போது ஸ்பிரிங்கின் இழுப்பை மீறிக் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கின்றன. ஸ்பிரிங் விட்டால்தான் கிளட்ச் பிடிக்கும். மெக்கானிக்கிடம் ‘பிடிவிடு வேகம்’ என்றால் நேர் எதிராகப் புரிந்துகொள்வார். ‘தாங்கா வேகம்’ என்றால் என்ன?

இன்னொன்று: அதே குண்டை அதே வில்லில் தொங்கவிட்டு ஆட்டினால், அலைவின் கோண அதிர்வெண்ணும் இதே 10தான். சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது அதையும் சேர்த்துவிடுங்கள்.

—

ஐயா,

கிளட்ச் நினைவுக்கே வரவில்லை. பிடிவிடுவை விட்டுவிடுகிறேன். ‘தாங்கா’ பொருந்துகிறது, ‘கோண’ மட்டும் வேண்டும், இல்லையென்றால் குண்டின் நேர்வேகம் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘தாங்காக் கோணவேகம்’ என்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், க் மிகும். மெய்ப்புப் பார்ப்பவர் அதை அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.